ஒரு கோப்பை வாசிக்கும்போது கேர்னலுக்குள் நடப்பது

வெள்ளவத்தையில் காலி வீதிக் கடைகளில் விற்கும் அன்ட்ரொயிட் கைத்தொலைபேசி எல்லாவற்றுக்குள்ளும் இயங்குவது, இயங்குதளத்தின் மையக் கருவான லினக்ஸ் கேர்னல்தான். 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட முதற்பதிப்பில் சுமார் 10,000 வரிகள் இருந்தன. 2025இல் அந்த எண்ணிக்கை 4 கோடியைத் தாண்டிவிட்டது. இத்தனையையும் வரிவரியாக வாசித்து விளங்கிக்கொள்ள எவராலும் முடியாது. அதனால்தான் நிரலைப் படமாக வரைகிறார்கள்.

மிக இலகுவான படம் கோப்புறைகளின் படம். கோப்பு முறைமைக்கு 'எஃப்எஸ்', நினைவகத்துக்கு 'எம்எம்', வலையமைப்புக்கு 'நெட்', சாதன இயக்கிகளுக்கு 'டிரைவர்ஸ்'. வரிக் கணக்குப்படி பெட்டி வரைந்தால் பாதிக்கு மேல் இடத்தை இயக்கிகளே பிடித்துக்கொள்ளும். கேர்னலின் உயிர்நாடியான நினைவக நிர்வாகம் ஒரு மூலையில் ஒடுங்கிவிடும். புதிதாகப் படிப்பவரை இந்தப் படம் திசைதிருப்பிவிடும் என்றே நினைக்கிறேன். கோப்புறையும் அஞ்சல் இலக்கம் போலத்தான்: கொழும்பு 06, கொழும்பு 13 என்ற இலக்கம் வீடு இருக்கும் இடத்தைச் சொல்லும். வெள்ளவத்தையில் குடியிருந்து கொட்டாஞ்சேனையில் கடை நடத்துபவரின் அன்றாடப் போக்குவரத்தைச் சொல்லாது.

அந்தப் போக்குவரத்தைக் காட்டுவது, எந்தச் செயற்கூறு எதை அழைக்கிறது என்ற படம். கேர்னல் நிரலாளர் ரஸ்டி ரஸ்ஸல் 2.4 கேர்னலின் செயற்கூறுகளைப் பெரிய சுவரொட்டியாகவே ஆக்கினார்.

ஒரு கோப்பை வாசிக்கும் கட்டளையை எடுத்துக்கொள்வோம். அது முதலில் 'எஃப்எஸ்' கோப்புறையிலுள்ள 'விஎஃப்எஸ்-ரீட்' செயற்கூறுக்கு வரும். அங்கிருந்து எக்ஸ்ட்-4 போன்ற குறிப்பிட்ட கோப்பு முறைமைக்குப் போகும். பிறகு எதிர்பாராத திருப்பம்: வேலையின் பெரும்பகுதி 'எம்எம்' கோப்புறையில் நடக்கிறது. ஏற்கெனவே வாசித்த தரவைக் கேர்னல் நினைவகத்தில் பக்கங்களாகச் சேமித்து வைப்பதே காரணம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. 'விஎஃப்எஸ்-ரீட்' எக்ஸ்ட்-4ஐப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. சி மொழியின் செயற்கூறுச் சுட்டி வழியாகவே அழைக்கிறது. அந்தச் சுட்டி எங்கே கொண்டுபோய் விடும் என்பது, கோப்பைத் திறக்கும்போதுதான் தீர்மானமாகும். நிரலை மட்டும் அலசி வரைந்தால் இந்த இடத்தில் கோடு அறுந்துபோகும்.

ஆகவே இயங்கும் கேர்னலையே கவனிக்க வேண்டும். அதற்கான கருவி 'எஃப்டிரேஸ்'; ஸ்டீவன் ரொஸ்டெட் என்ற நிரலாளர் முன்னின்று எழுதிய அது 2008இல் கேர்னலுக்குள் சேர்ந்தது. உபுண்டு லினக்ஸ் போட்ட பழைய மடிக்கணினி இருந்தாலே போதும். அழைக்கப்பட்ட செயற்கூறுகள் ஒன்றுக்குள் ஒன்றாக உள்தள்ளித் திரையில் தோன்றும்; ஒவ்வொன்றும் எடுத்த நேரம் மைக்ரோசெக்கனில் பக்கத்தில் விழும். எல்லாவற்றையும் ஒரேயடியாகப் பதிவுசெய்தால் திரை வெள்ளக்காடாகும். 'விஎஃப்எஸ்-ரீட்' ஒன்றை மட்டும் வடிகட்டிப் பாருங்கள். அதே கோப்பை உடனே இன்னொருமுறை வாசித்தால் பட்டியல் குறுகிவிடும்: பக்கங்கள் நினைவகத்திலேயே இருப்பதால் வட்டை அணுகும் செயற்கூறுகள் இப்போது அதில் இருக்காது.