அந்த வீட்டில் யாருக்காவது…?

சிவகங்கை மாவட்டத்து நெற்குப்பையில் ஒரு சம்பந்தம் பேச்சுக்கு வந்தால் முதலில் விசாரிப்பது கோயிலைத்தான். எந்தக் கோயில், எந்தப் பிரிவு என்று கேட்டு, பங்காளி முறை இல்லை என்று உறுதியான பிறகே ஜாதகம் கைமாறும். படிப்பு, வேலை, சீர் எல்லாம் பேசி ஒரு வழிக்கு வரும் நேரத்தில் வீட்டுப் பெரியவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு இன்னொன்றையும் கேட்பார்கள். “அந்த வீட்ல யாருக்கும் புத்தி பேதலிச்சதுன்னு ஒண்ணும் இல்லையே ஆச்சி?” பெண்ணின் சித்தப்பா ஒருவர் பல வருடமாக இரண்டாங்கட்டு அறையை விட்டு வெளியே வருவதில்லை என்று காதில் விழுந்தால் பேச்சு அத்தோடு நின்றுவிடும். ஜாதகம் பொருந்தவில்லை என்று சேதி வரும்.

அப்படிக் கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது. புத்தி பேதலிப்பு என்று ஊர் சொல்வதில் கடுமையான வகையான மனச்சிதைவு நோய்க்கும் (ஸ்கிசோஃப்ரினியா) பரம்பரைக்கும் தொடர்பு இருப்பது உண்மைதான். பொதுவாக நூறு பேரில் ஒருவருக்கும் குறைவாகவே வருகிற நோய் அது. தாய் தந்தையில் ஒருவருக்கு அது இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு நூற்றுக்குப் பத்து என்ற அளவுக்கு உயர்கிறது. மீதித் தொண்ணூறு பேருக்கு வருவதில்லை என்பதை மட்டும் யாரும் சொல்லிக் கேட்பதில்லை. சித்தப்பாவுக்கு இருந்தால் அண்ணன் மகளுக்கு வரக்கூடிய வாய்ப்பு நூற்றுக்கு மூன்று நான்குதான். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையருக்கு மரபணுக்கள் ஏறக்குறைய அச்சு அசலாக ஒன்றே. அவர்களில்கூட ஒருவருக்கு நோய் வந்தால் மற்றவருக்கும் வருவது பாதிக்கும் குறைவான நேர்வுகளில்தான். இரத்தத்தில் இருப்பது நோய் இல்லை, நோய்க்கான சாய்வு. அது நோயாக மாறுவதற்குக் கருவில் இருந்தபோது தாய் பட்ட பட்டினி, பிரசவத்தில் நேர்ந்த சிக்கல், இளவயதுக் கஞ்சாப் பழக்கம் என்று வேறு பலவும் சேர வேண்டியிருக்கிறது.

அந்தச் சாய்வும் ஒரு மரபணுவில் உட்கார்ந்திருக்கவில்லை. 2022இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான பன்னாட்டு ஆய்வு, 76,000க்கும் மேற்பட்ட நோயாளிகளின் மரபணுத் தொகுதிகளை ஆராய்ந்து, மனச்சிதைவோடு தொடர்புடைய 287 இடங்களைக் கண்டது. ஒவ்வோர் இடத்தின் பங்கும் மிகச் சிறியது. மொய் ஏட்டில் ஐம்பதும் நூறுமாக விழுவதைப் போல, பல கைகளிலிருந்து வந்து சேர்ந்தால்தான் தொகை பெரிதாகும். அந்தச் சில்லறைகளில் கொஞ்சம் நம் எல்லோரிடமும் இருக்கிறது, சம்பந்தம் வேண்டாம் என்று சொன்ன வீட்டாரிடமும் சேர்த்துத்தான். சொந்தத்துக்குள் மணம் முடித்தால் சில அரிய பிறவி நோய்களுக்கான ஆபத்து கூடும் என்பது நிரூபணமானது. அங்கே தாய் வழியிலும் தந்தை வழியிலும் ஒரே பழுது வந்து சேர்ந்தால் போதும், நோய் வந்துவிடும். மனச்சிதைவின் கணக்கு அப்படி இல்லை.

இந்தக் கணக்குகளில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சாவளியினரின் இரத்தத்திலிருந்து வந்தது என்பது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. நம் மக்களிடம் தேடியிருந்தால் வேறு ஏதாவது தட்டுப்பட்டிருக்குமா? சென்னையில் அதைத் தேடினார்கள். கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்த டாக்டர் சாரதா மேனன் 1984இல் தொடங்கிய ‘ஸ்கார்ஃப்’ அமைப்பு, ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து பல ஆண்டுகள் இரத்த மாதிரிகளைத் திரட்டியது. நோயாளிகளோடு அவர்களுடைய குடும்பத்தாரும் நோயில்லாத பிறரும் சேர்ந்து மொத்தம் 3,092 பேர். அப்பாவும் அம்மாவும் உடன்பிறந்தவர்களும் ஒரே கூரையின் கீழ் இருந்து, நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து கை நீட்டி இரத்தம் கொடுக்கும் குடும்பங்கள் நம்மிடம் இன்னும் இருப்பதால்தான் இப்படி ஓர் ஆய்வை நடத்த முடிந்தது. வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்று பயப்பட ஆயிரம் காரணம் இருந்தும் வந்தவர்கள் அவர்கள்.

2019இல் வெளியான முடிவு எட்டாம் குரோமோசோமில் ஓர் இடத்தைச் சுட்டியது. அங்கே இருக்கும் மரபணுக்களில் ஒன்று, நியாசின் எனும் பி3 வைட்டமினை உடல் பயன்படுத்திக்கொள்வதற்கான நொதியை உண்டாக்குவது. சிறு மீன்களில் அந்த மரபணுவை முடக்கிப் பார்த்தபோது அவற்றின் மூளை வளர்ச்சி தடுமாறியது.

நியாசின் என்றதும் மருத்துவ வரலாறு தெரிந்தவர்களுக்கு ‘பெல்லாக்ரா’ நினைவுக்கு வரும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் மக்காச்சோளத்தையே தின்று வாழ்ந்த ஏழைகளுக்குத் தோல் கறுத்து வெடித்தது, வயிறு கெட்டது, கடைசியில் புத்தி கலங்கியது. மனநல விடுதிகளில் அவர்கள் ஏராளமாக அடைபட்டுக் கிடந்தார்கள். இது தொற்றுநோய் இல்லை, சாப்பாட்டில் இருக்கும் குறை என்று ஜோசப் கோல்ட்பெர்கர் காட்டினார். குறையாக இருந்த பொருள் நியாசின் என்பது 1937இல் தெரிந்தது. நம் ஊரிலும் இந்த நோய் இருந்தது. சேலத்தில் பிறந்த ஊட்டச்சத்து அறிஞர் சி. கோபாலன், சோளத்தையே மூன்று வேளையும் உண்ட ஹைதராபாத் வட்டார ஏழைகளிடம் அதைக் கண்டு, சோளத்தில் மிகுந்திருக்கும் லூசின் எனும் அமினோ அமிலத்தைக் காரணமாகச் சுட்டினார். பேய் பிடித்தது என்று சொல்லத்தக்க ஒரு பித்து, ஒரு வைட்டமினால் தெளிந்தது. மனநோய்க்கு உடலில் வேர் இருக்கலாம் என்பதற்கு இதைவிடத் துலக்கமான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு விஷயமும் சென்னை ஆய்வின் முடிவோடு ஒத்துப்போகிறது. நியாசின் கரைசலில் நனைத்த ஒரு துண்டை முன்கையில் சில நிமிடம் வைத்து எடுத்தால், அந்த இடம் அடித்தாற்போல் சிவக்கும். மனச்சிதைவு உள்ளவர்களில் கணிசமானோருக்கு அந்தச் சிவப்பு மங்கலாகவே வருகிறது. இது பல காலமாகப் பதிவாகிவரும் செய்தி.

உடனே மருந்துக் கடையில் பி3 மாத்திரை வாங்க ஓட வேண்டாம். 1950களிலேயே கனடாவில் நியாசினை அளவுக்கு மீறிக் கொடுத்துப் பார்த்தார்கள். முதலில் பெரிதாகப் பேசப்பட்ட அந்தச் சிகிச்சை, பின்னால் வந்த கட்டுப்பாடான சோதனைகளில் நிற்கவில்லை. சென்னை ஆய்வு காட்டியது மருந்து இல்லை, தேட வேண்டிய திசை.

மருந்தின் கதை வேறு வழியில் வந்தது. அதற்கும் நம் மண்ணில் ஒரு வேர் உண்டு. சர்ப்பகந்தி வேர் பித்தையும் இரத்தக் கொதிப்பையும் தணிக்கிறது என்று கல்கத்தாவின் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் 1931இல் எழுதினார்கள். இருபது ஆண்டுகள் கழித்து, 1952இல், சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனம் அதிலிருந்து ரெசர்பினைப் பிரித்தெடுத்தது. நியூயார்க்கில் நேதன் கிளைன் அதை மனநோயாளிகளுக்குக் கொடுத்துப் பலன் கண்டார். சுவீடனில் ஆர்விட் கார்ல்சன் அதே ரெசர்பினை முயல்களுக்குச் செலுத்தியபோது அவை அசையாமல் கிடந்தன. டோபமைனாக மாறும் எல்-டோபாவை ஊசியில் ஏற்றியதும் எழுந்து நடமாடின. 1957இல் நடந்த இந்தச் சோதனைதான் டோபமைன் மூளையின் சேதி சுமக்கும் பொருள் என்ற முடிவுக்கு வழி திறந்தது. கார்ல்சனுக்கு 2000இல் நோபல் பரிசு கிடைத்தது. மனச்சிதைவுக்கு இன்றுவரை எழுதித் தரப்படும் மாத்திரைகள் பெரும்பாலும் டோபமைனின் வேகத்தைத் தணிப்பவை. ரெசர்பின் மட்டும் பக்கவிளைவுகளால் மனநோய்ச் சிகிச்சையிலிருந்து ஒதுங்கிவிட்டது.

டோபமைனை நேரடியாகத் தொடாத ஒரு புது மருந்துக்கு அமெரிக்கா 2024 செப்டம்பரில் அனுமதி கொடுத்தது. அதன் மூலக்கூறு பிறந்த கதையைச் செட்டிநாட்டு வெற்றிலைப் பெட்டியிலிருந்தே தொடங்கலாம். பாக்கை மெல்லும்போது ஏறும் கிறுகிறுப்புக்குக் காரணம் அரெக்கோலின். 1957இல் அமெரிக்காவில் பேசாமல் உறைந்து கிடந்த நோயாளிகளுக்கு அதை ஊசியில் கொடுத்தபோது, சிலர் சில நிமிடங்களுக்குத் தெளிவாகப் பேசியிருக்கிறார்கள். அரெக்கோலினை மாதிரியாகக் கொண்டு உருவாக்கிய சேனோமெலின், 1990களில் அல்சைமர் நோய்க்காகச் சோதிக்கப்பட்டது. நோயாளிகளின் மாயக் காட்சிகளும் குரல்களும் குறைந்தன. கூடவே வாந்தியும் வியர்வையும் வந்ததால் மருந்தைக் கிடப்பில் போட்டார்கள். பிறகு, மூளைக்குள் நுழையாத ட்ரோஸ்பியம் என்ற பழைய சிறுநீர்ப்பை மருந்தை அதோடு சேர்த்தார்கள். குடலில் சேனோமெலின் செய்யும் தொல்லையை ட்ரோஸ்பியம் தடுக்கும், மூளையில் அதன் வேலை தடைபடாது. பாக்குப் போட்டால் புத்தி தெளியும் என்று இதற்குப் பொருள் இல்லை. வாயில் புற்றுநோய் வரவழைப்பதில் பாக்குக்குப் பெரும் பங்கு உண்டு.

இவ்வளவு தெரிந்த பிறகும், இரத்தத்தைச் சோதித்தோ மூளையைப் படமெடுத்தோ இது மனச்சிதைவு என்று சொல்லும் கருவி எதுவும் மருத்துவரிடம் இல்லை. நோயாளியும் வீட்டாரும் வாய் திறந்து சொன்னால்தான் அவருக்குத் தெரியும். மறைத்து வைக்கும் வீடு அந்த ஒரே கருவியையும் பறித்துவிடுகிறது. சென்னை நகரத்திலேயே, சமூகத்தில் தேடிக் கண்டறிந்த நோயாளிகளில் நான்கில் ஒருவருக்கும் மேல் ஒருமுறைகூடச் சிகிச்சை பெறாதவர்கள் என்று 1998இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. சிகிச்சை தள்ளிப்போகத் தள்ளிப்போக நோய் பிடி கொடுக்காமல் போகிறது என்பதும் உலகெங்கும் கண்டது. 2001 ஆகஸ்ட் 6 அன்று, நமக்குப் பக்கத்து மாவட்டமான ராமநாதபுரத்தின் ஏர்வாடியில், சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் தீயில் சிக்கி 28 பேர் மாண்டார்கள். அவர்களைக் கொண்டுவந்து விட்ட குடும்பங்கள் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. போக வேறு இடம் தெரியாதவர்கள்.

நெற்குப்பையிலிருந்து மாவட்ட எல்லையைத் தாண்டினால் புதுக்கோட்டை மாவட்டத்துப் பொன்னமராவதி. அந்த மாவட்டத்துக் கிராமங்களுக்கு 2010இலிருந்து ஸ்கார்ஃப் ஒரு பேருந்தை அனுப்பியது. உள்ளே ஒரு தடுப்புக்குப் பின்னால் நோயாளியும் வீட்டாரும் உட்கார, திரையில் சென்னையிலிருந்து மனநல மருத்துவர் பேசுவார். அவர் எழுதும் மருந்தை அதே பேருந்தின் மருந்தகத்தில் காசில்லாமல் வாங்கிக்கொண்டு இறங்கலாம். இப்போது 14416 என்ற எண்ணை அழுத்தினால் அரசின் ‘டெலி மானஸ்’ சேவையில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் போகலாம். படிப்பில் சுட்டியாக இருந்த பையன் பதினெட்டு இருபது வயதில் திடீரென்று ஒதுங்குகிறான், இரவெல்லாம் தூங்காமல் தனக்குள் பேசுகிறான், யாரோ தன்னைக் கண்காணிப்பதாகச் சொல்கிறான் என்றால் அந்த வாரமே போக வேண்டும். போகும்போது அந்தச் சித்தப்பாவைப் பற்றியும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். மருந்தை எதில் தொடங்குவது, எத்தனை நாள் தொடர்வது என்று முடிவு செய்யும்போது அவர் அதையும் கணக்கில் எடுத்துக்கொள்வார்.