ஒரு மெயில் ஐ.டி. என்ன விலை?

“மாப்ள, ஒரு லிங்க் அனுப்பியிருக்கேன். மெயில் ஐ.டி. மட்டும் போட்டு விடு. வேற ஒண்ணும் வேணாம்டா!”

இப்படி ஒரு மெசேஜ் வராத காலேஜ் மொபைல் உண்டா பாஸ்? அனுப்பினவர் ஏதோ ஒரு கம்பெனிக்கு ‘கேம்பஸ் அம்பாசடர்’ ஆகியிருப்பார். இருபது பேரைச் சேர்த்தா சர்ட்டிஃபிகேட், ஐம்பது பேர்னா டி-ஷர்ட். நாமளும் ‘போனாப் போகுது, ரூம்மேட்டாச்சே’னு தட்டிவிட்டுடுவோம். அதுக்கப்புறம் தினமும் காலையில் இன்பாக்ஸைத் திறந்தா, ‘இன்றே கடைசி நாள்’னு ஒரு கோர்ஸ் விளம்பரம். அந்தக் கடைசி நாள் மட்டும் வருஷம் பூரா வரும்!

கடுப்புதான். ஆனா, இதே வேலையை ஒழுங்கா செஞ்சு, காலேஜ் படிக்கும்போதே ஒரு கம்பெனிக்கு அஸ்திவாரம் போட்ட பசங்களும் இருக்காங்க. அவங்க கதைக்குப் போறதுக்கு முன்னாடி கொஞ்சம் பேசிக்ஸ்.

வீட்டு புரோக்கர் தெரியும்ல? ஆளைக் கூட்டிட்டு வந்து விட்டா கமிஷன். அஃபிலியேட் மார்க்கெட்டிங்கும் அதே கதைதான். 1996 ஜூலையில் அமேசான் தன் ‘அசோசியேட்ஸ்’ திட்டத்தை ஆரம்பிச்சது. யார் வேணும்னாலும் ஒரு புத்தகத்தை சிபாரிசு பண்ணி லிங்க் கொடுக்கலாம். லிங்கோட வாலில் சிபாரிசு பண்ணினவரின் கோட் ஒட்டியிருக்கும். அந்த வழியா வந்தவர் வாங்கினா, கூட்டிட்டு வந்தவருக்குப் பங்கு. சரி, முதல் தடவை எட்டிப் பார்க்கிறவர் உடனே எங்கே வாங்கப் போறார்? முகவரியை வாங்கி வெச்சுக்கிட்டா அப்புறம் மெதுவா பேசிக்கலாமே! அதனால, ஒரு மெயில் ஐ.டி.க்கு இவ்வளவுனு ரேட் பேசுற பழக்கமும் வந்தது. ‘லீட்’, ‘லீட்’னு மார்க்கெட்டிங் ஆட்கள் உயிரை விடுறாங்களே, அது இதுதான்.

‘இன்ஸ்டா காலத்துல மெயிலா?’னு சிரிக்காதீங்க. 2020 ஜூன் 29-ம் தேதி மத்திய அரசு டிக்டாக் உட்பட 59 செயலிகளைத் தடை செஞ்சது ஞாபகம் இருக்கா? லட்சக்கணக்கில் ஃபாலோயர்ஸ் வெச்சிருந்தவங்க ஒரே ராத்திரியில் தனி ஆள் ஆனாங்க. ஃபாலோயர் லிஸ்ட் அந்தச் செயலியோட சொத்து. மெயில் லிஸ்ட் அப்படி இல்லை. ஒரு சின்ன ஃபைலா டவுன்லோடு பண்ணி எங்கே வேணும்னாலும் எடுத்துட்டுப் போகலாம்.

இப்போ நம்ம பசங்க கதை. 2015, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம். இன்டர்வியூவுக்குத் தயாராகிட்டிருந்த நண்பர்கள், பிசினஸ் செய்தி படிக்கிறதே பெரிய போர்னு புலம்புறாங்க. அலெக்ஸ் லீபர்மேன்கிற ஃபைனல் இயர் மாணவர், அன்றைய செய்திகளை அரட்டை பாஷையில் சுருக்கி ஒரு பி.டி.எஃப். ஆக்கி மெயில் பண்ண ஆரம்பிச்சார். ஜூனியர் ஆஸ்டின் ரீஃப் வந்து சேர, ‘மார்னிங் ப்ரூ’ பிறந்தது. ஆரம்பத்தில் க்ளாஸ் க்ளாஸா போய் பேசி, ஒரு பேப்பரைச் சுத்த விட்டு மெயில் ஐ.டி. எழுதி வாங்கினாங்க. அப்புறம் மத்த காலேஜ்களில் அம்பாசடர்கள். அப்புறம்தான் மாஸ்டர் பிளான். படிக்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு தனி லிங்க். அது வழியா நண்பர்களைச் சேர்த்தா பரிசு. சிலரைச் சேர்த்தா மத்தவங்களுக்குக் கிடைக்காத ஞாயிறு மடல், இன்னும் கொஞ்சம் பேருக்கு ஸ்டிக்கர், அதுக்கு மேலே காபி மக், டி-ஷர்ட்னு ஏறிக்கிட்டே போகும். 2020 அக்டோபரில் ‘பிசினஸ் இன்சைடர்’ நிறுவனம் இதன் பெரும்பான்மைப் பங்கை வாங்கினப்போ, பேசப்பட்ட மதிப்பு சுமார் 7.5 கோடி டாலர்!

ஸ்டிக்கருக்கும் மக்குக்கும் மயங்கியா இவ்வளவு கூட்டம்? எனக்கும் முதலில் அந்த டவுட்தான். யோசிச்சுப் பார்த்தா, சூட்சுமமே அங்கேதான் இருக்கு. ஞாயிறு மடல் யாருக்கு வேணும்? தினசரி மடலை ரசிச்சுப் படிக்கிறவருக்கு மட்டும்தான். அவர் தன்னை மாதிரியே இன்னொருத்தரைத்தான் கூட்டிட்டு வருவார். 2013-ல் அமெரிக்காவில் ‘ஹாரிஸ்’னு ஒரு ஷேவிங் கம்பெனி, கடையைத் திறக்கிறதுக்கு முன்னாடியே இப்படி ஒரே வாரத்தில் கிட்டத்தட்ட ஒரு லட்சம் மெயில் ஐ.டி. சேர்த்தது. 5 நண்பர்களைச் சேர்த்தா ஷேவிங் க்ரீம், 10 பேருக்கு ரேஸர், 50 பேருக்கு ஒரு வருஷத்துக்கு ப்ளேடு ஃப்ரீ. ஷேவ் பண்ணாத ஆளுக்கு இதில் ஒரு ஆசையும் வராது பாருங்க.

இதுவே ‘ஒரு ஐ.டி.க்குப் பத்து ரூபாய்’னு அறிவிச்சா? 1902-ல் ஹனோய் நகரத்தில் நடந்ததுதான் நடக்கும். ப்ளேக் பயத்தில் அங்கிருந்த பிரெஞ்சு ஆட்சியாளர்கள், எலியைக் கொன்னு வாலைக் கொண்டுவந்தா காசுனு அறிவிச்சாங்க. வால் வந்து குவிஞ்சது. ஆனா, ஊருக்குள்ளே வால் இல்லாத எலிகள் ஜாலியா ஓடிட்டிருந்தது. வாலை மட்டும் நறுக்கிட்டு எலியைக் குட்டி போட விட்டுட்டாங்க! ஊர் ஓரத்தில் எலிப்பண்ணையே வெச்சிருந்தாங்களாம். மெயில் ஐ.டி.க்குக் காசுன்னாலும் அப்படித்தான். அம்மா பேரில் ஒண்ணு, ஆயா பேரில் ஒண்ணு, செத்துப்போன பழைய ஐ.டி. நாலு, மீதிக்கு க்ளாஸ் வாட்ஸ்அப் குரூப்பில் கிடந்த எக்செல் ஷீட். அம்பாசடர் டார்கெட் ஓவர்!

காசு கொடுத்தவருக்கு அடி எப்படி விழும் தெரியுமா? 2024 பிப்ரவரியிலிருந்து கூகுள் கெடுபிடியை ஏத்திடுச்சு. ஒரு நாளைக்கு 5,000 மெயிலுக்கு மேல் ஜிமெயில் முகவரிகளுக்கு அனுப்புறவங்க, ‘ஸ்பேம்’ புகார் விகிதத்தை 0.3 சதவிகிதத்துக்குக் கீழேயே வெச்சுக்கணும். அதாவது, ஆயிரத்தில் மூணு பேர் கடுப்பாகி அந்த பட்டனைத் தட்டினாலே சிக்கல். ஆசைப்பட்டு சேர்ந்த மிச்சப் பேருக்குப் போற மடலும் ஸ்பேம் குப்பையில் விழலாம். பத்தாயிரம் பேர் லிஸ்ட்டை விட ஐந்நூறு பேர் லிஸ்ட் உசத்தியா இருக்கிற அதிசயம் இங்கேதான் நடக்கும்.

அதனால விவரமானவங்க ரெண்டு விஷயத்தில் கறாரா இருக்காங்க. ஒண்ணு, ஐ.டி. போட்டதும் ‘நிஜமா நீங்கதானா?’னு ஒரு மெயில் போகும். அதில் இருக்கிற லிங்க்கைத் தட்டினாதான் லிஸ்ட்டில் பேர் ஏறும். ரெண்டு, கூட்டிட்டு வந்தவருக்கு உடனே காசு கிடையாது. சேர்ந்தவர் நிஜமா மடலைப் படிக்கிறாரானு கொஞ்ச நாள் பார்த்துட்டுதான் பட்டுவாடா. இதிலும் ஒரு ஓட்டை. 2021-ல் ஆப்பிள் கொண்டுவந்த மெயில் பாதுகாப்பு வசதி, யார் மெயிலைத் திறந்தாங்கனு அனுப்பினவருக்குச் சரியா தெரியாம பண்ணிடுது. அதனால திறந்த கணக்கை விட்டுட்டு, உள்ளே இருக்கிற லிங்க்கைத் தட்டின கணக்கைப் பார்க்கிறாங்க.

இதெல்லாம் கம்பெனி கவலை. நம்ம கவலை வேற. ‘அம்பாசடர் ஆகுறியா?’னு நாளைக்கு உங்களைக் கேட்டா, டி-ஷர்ட் சைஸ் சொல்றதுக்கு முன்னாடி ரெண்டு கேள்வி கேளுங்க: “சேர்ந்தவருக்கு என்ன அனுப்புவீங்க? வேணாம்னா ஒரே க்ளிக்கில் வெளியேற முடியுமா?” பதில் மழுப்பலா வந்தா எஸ்கேப் ஆகிடுங்க. ஏன்னா, உங்க ஃப்ரெண்ட் ஐ.டி. போட்டது அந்தக் கம்பெனியை நம்பி இல்லை, உங்களை நம்பி. லிங்க் அனுப்பும்போதே ‘இதில் எனக்கு ஒரு டி-ஷர்ட் கிடைக்கும்டா’னு சொல்லிட்டா, திட்டிக்கிட்டேயாவது சேர்ந்துடுவாங்க.

ஆனா, அந்த எக்செல் ஷீட் மேட்டர் சீரியஸ். 2023-ல் நிறைவேறின டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருத்தரோட சம்மதம் எதுக்குனு குறிப்பா, விவரம் தெரிஞ்சு, கட்டாயம் இல்லாம கொடுத்ததா இருக்கணும்னு சொல்லுது. இதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, படிப்படியா அமலுக்கு வர்ற மாதிரி போட்டிருக்காங்க. சிம்போசியத்துக்குப் பேர் கொடுத்த பொண்ணு, சிம்போசியத்துக்குத்தான் ஐ.டி. கொடுத்தா. ஸ்பான்சர் கம்பெனிக்கு இல்லை. அடுத்த தடவை ரெஜிஸ்ட்ரேஷன் ஃபார்மில் ஒரு கட்டம் எக்ஸ்ட்ரா போடுங்க: ‘ஸ்பான்சர் உங்களுக்கு மெயில் அனுப்பலாமா?’ டிக் அடிச்சவங்க லிஸ்ட் மட்டும் ஸ்பான்சருக்குப் போகட்டும். ‘என்னப்பா, முந்நூறு பேர் வந்தாங்க, நாப்பது ஐ.டி.தான் இருக்கு?’னு அவங்க முகத்தைச் சுளிச்சா, அந்த 0.3 சதவிகிதக் கணக்கை எடுத்து விடுங்க!