வீட்டுப் பட்டறைக்கு ஏற்ற விளக்கு

1905-ஆம் ஆண்டு ஆகஸ்டு 5-ஆம் நாள் பெங்களூரு நகரத் தெருக்களில் முதன்முதலாக மின்விளக்குகள் ஒளிர்ந்தன. காவிரியாற்றின் சிவசமுத்திர அருவிக்கருகில் 1902-இல் இயங்கத் தொடங்கிய நீர்மின் நிலையம் அதற்கான மின்சாரத்தை வழங்கியது. கோலார் தங்கச் சுரங்கங்களின் தேவைக்காகவே அமைக்கப்பெற்ற அந்நிலையம், மூன்றே ஆண்டுகளில் நகர மக்களின் இரவையும் பகலாக்கிற்று. பின்னர், 1940-இல் விமானத் தொழிற்சாலையும், 1948-இல் தொலைபேசித் தொழிற்சாலையும், 1953-இல் இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் நிறுவனமும் தோன்றின. இவற்றின் வாயிலாகப் பெங்களூரு இயந்திரத் தொழிலுக்குப் பெயர்பெற்ற நகரமாயிற்று.

இத்தகைய நகரில், மோட்டார் வண்டி நிறுத்தும் கொட்டகையையே சிறு பட்டறையாக மாற்றிக்கொள்வோர் இருப்பது வியப்பன்று. ஒரு சிறிய லேத், ஒரு துளையிடும் பொறி, ஒரு சாணைக்கல், சுவரோரமாக ஒரு வேலை மேசை ஆகியவையே அப்பட்டறையின் உடைமைகள். பணியிலிருந்து ஓய்வுபெற்ற கைவினைஞர் ஒருவர் மாலை நேரத்தில் அங்கு அமர்ந்து வேலை செய்வார். இயந்திரங்களைப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் இத்தகையோர், விளக்கைப் பற்றி மட்டும் மிகுதியாக எண்ணுவதில்லை. வீட்டில் மீந்த பல்பு ஒன்று கொட்டகையின் நடுவே தொங்கும். இதனால் கண்ணுக்கு விளையும் சோர்வு ஒருபுறமிருக்க, கைக்கு நேரக்கூடிய தீங்கு மறுபுறம் உள்ளது. ஆகவே, எல்.இ.டி. எனப்படும் ஒளியுமிழ் டயோடு விளக்குகளைப் பட்டறைக்குத் தேர்ந்தெடுக்கும் முறையை அறிந்துகொள்வது இன்றியமையாதது.

வாட் ஒளியின் அளவன்று

விளக்கின் மேல் குறிக்கப்பெற்றுள்ள ‘வாட்’ என்பது, அவ்விளக்கு உட்கொள்ளும் மின்திறனைக் குறிக்குமேயன்றி, அது வெளியிடும் ஒளியைக் குறிப்பதன்று. வெளிவரும் ஒளியின் மொத்த அளவு ‘லூமென்’ எனப்படும். ஒரு சதுர மீட்டர் பரப்பின்மீது விழும் ஒளியின் அளவு ‘லக்ஸ்’ எனப்படும். 100 வாட் இழை விளக்கு ஏறத்தாழ 1,300 லூமென் ஒளி தரும். 9 வாட் எல்.இ.டி. பல்பு ஏறத்தாழ 900 லூமெனும், 20 வாட் எல்.இ.டி. குழல் விளக்கு ஏறத்தாழ 2,000 லூமெனும் தரவல்லவை.

இழை விளக்கில் மின்சாரத்தின் பெரும்பகுதி வெப்பமாக வீணாகிறது. எல்.இ.டி.யிலோ குறைக்கடத்திப் படிகத்தினுள் மின்னோட்டம் பாயும்பொழுது நேரடியாக ஒளி பிறக்கிறது. கண்ணுக்குப் புலனாகும் சிவப்பொளியைத் தரும் டயோடு 1962-இல் அமெரிக்காவில் நிக் ஹோலோன்யாக் என்பவரால் உருவாக்கப்பெற்றது. வெள்ளொளி பெறுவதற்குச் செறிவான நீல ஒளி தேவைப்பட்டது. அதனை உருவாக்கிய இசாமு அகசாகி, ஹிரோஷி அமானோ, ஷூஜி நகமுரா ஆகிய மூவருக்கும் 2014-ஆம் ஆண்டு பௌதிகத்திற்கான நோபெல் பரிசு வழங்கப்பெற்றது. நீல ஒளியின் ஒரு பகுதி ‘பாஸ்பர்’ என்னும் பூச்சினால் மஞ்சளாக மாற, இரண்டும் கலந்து வெள்ளையாகத் தோன்றுகிறது. 2015 ஜனவரி 5 அன்று தொடங்கப்பெற்ற உஜாலா திட்டத்தின் கீழ் 9 வாட் பல்புகள் நாடெங்கும் குறைந்த விலைக்கு வழங்கப்பெற்றமையால், இவ்விளக்கு எளியோர் இல்லங்களையும் எட்டியது. எனினும், உறங்கும் அறைக்குப் போதுமான ஒளி பட்டறைக்கும் போதுமென்று கருதுதல் பிழையாகும்.

எத்தனை விளக்குகள் வேண்டும்?

உட்புற ஒளியமைப்புக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 3646, இயந்திரப் பட்டறையின் கரடுமுரடான வேலைக்கு 300 லக்ஸும், நடுத்தர வேலைக்கு 500 லக்ஸும், நுண்ணிய வேலைக்கு 750 லக்ஸும் பொதுவாக ஏற்றவை என வகுத்துள்ளது.

3 மீட்டர் அகலமும் 6 மீட்டர் நீளமும் உள்ள கொட்டகை ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். அதன் பரப்பு 18 சதுர மீட்டர். 300 லக்ஸ் பெறுவதற்கு மேசை மட்டத்தில் 5,400 லூமென் விழ வேண்டும். ஆனால் விளக்கிலிருந்து புறப்படும் ஒளி முழுவதும் மேசையை வந்தடைவதில்லை. சுவரும் கூரையும் ஒரு பகுதியை விழுங்கிவிடும். வெள்ளையடித்த அறையில் ஏறத்தாழப் பாதி வந்துசேரும் எனக் கொள்ளலாம். தூசி படிவதாலும் விளக்கு முதிர்வதாலும் மேலும் ஐந்தில் ஒரு பங்கு குறையும். இவ்விரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால் 13,500 லூமென், அதாவது 20 வாட் குழல் விளக்குகள் ஏழு தேவையாகும். சுவர்கள் புகையேறிக் கறுத்திருப்பின், மேசையை வந்தடையும் ஒளி மூன்றில் ஒரு பங்களவே இருக்கும். அப்பொழுது பத்து விளக்குகள் வேண்டியிருக்கும். ஒருமுறை சுண்ணாம்பு அடிப்பதால் மூன்று விளக்குகளின் செலவு மிஞ்சும் என்பது இதனால் விளங்கும்.

அதே கொட்டகையில் 9 வாட் பல்பு ஒன்றை மட்டும் தொங்கவிட்டால் மேசைமீது கிடைப்பது ஏறத்தாழ 20 லக்ஸே! தேவையில் பதினைந்தில் ஒரு பங்கே இது. அறுபது வயதினரின் விழித்திரையை அடையும் ஒளி, இருபது வயதினர் பெறுவதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் என்பதையும் இங்கு நினைவிற்கொள்ள வேண்டும். ஓய்வுபெற்ற பின்னர் பட்டறை வைப்போருக்கே மிகுந்த ஒளி தேவை.

ஏழு குழல் விளக்குகளும் சேர்ந்து 140 வாட் மட்டுமே கொள்ளும். நாள்தோறும் நான்கு மணி நேரம் எரிந்தாலும் 0.56 யூனிட்டே செலவாகும். இதே ஒளியை இழை விளக்குகளால் பெறுவதற்கு 100 வாட் பல்புகள் பதினொன்று வேண்டும். அவற்றிற்கு நாளொன்றுக்கு 4.4 யூனிட் செலவாகும்.

நின்றுவிட்டதுபோல் தோன்றும் சக்கரம்

ஒளியின் அளவு போதுமானதாக இருந்தாலும், அது நிலையாக இல்லாவிடில் பேராபத்து விளையலாம். இந்தியாவில் வழங்கப்பெறும் மாறுதிசை மின்னோட்டம் நொடிக்கு 50 சுற்றுகள் உடையது. ஒவ்வொரு சுற்றிலும் அது இருமுறை சுழி நிலையை அடைகிறது. ஆகவே, அதனால் நேராக இயங்கும் விளக்கின் ஒளி நொடிக்கு 100 முறை மங்கித் தெளியும். இழை விளக்கில் கம்பி சூடாகவே இருப்பதால் இத்துடிப்பு சிறிதளவே. எல்.இ.டி.யோ மின்னோட்டத்தின் ஏற்ற இறக்கத்தை உடனுக்குடன் பின்பற்றும் இயல்புடையது.

நான்கு தாடைகள் கொண்ட சக் ஒன்று நிமிடத்திற்கு 1,500 முறை, அதாவது நொடிக்கு 25 முறை சுழல்வதாகக் கொள்ளலாம். நொடிக்கு 100 முறை ஒரு தாடையின் இடத்திற்கு மற்றொரு தாடை வந்து நிற்கும். ஒளியும் நொடிக்கு 100 முறை துடிக்குமாயின், கண்ணுக்கு அந்தச் சக் அசையாது நிற்பதுபோலத் தோன்றும். மூன்று தாடைச் சக்கில் இத்தோற்றம் 2,000 சுற்று வேகத்தில் நிகழும். சாதாரண மோட்டாரின் வேகமான 1,440 சுற்றில் சுழலும் நான்கு ஆரக் கப்பியோ, நொடிக்கு ஒருமுறை மெதுவாகப் பின்னோக்கிச் சுழல்வதாகக் காட்சியளிக்கும். இயந்திரம் நின்றுவிட்டதென்று எண்ணிக் கை நீட்டுபவரின் கதி என்னவாகும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

இத்தீங்கைப் பெரிய தொழிற்சாலைகள் நெடுநாட்களுக்கு முன்பே அறிந்திருந்தன. அருகருகேயுள்ள விளக்குகளை மும்முனை மின்சாரத்தின் வெவ்வேறு முனைகளில் இணைப்பது அவை கண்ட வழி. ஒன்று மங்கும்பொழுது மற்றொன்று ஒளிரும். வேலையிடத்தில் கண் கூசுதலும், ஆபத்து விளைக்கும் நிழலும் இல்லாதிருக்க வேண்டுமென்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 17-ஆம் பிரிவு விதித்திருந்தது. ஆனால் தனி ஒருவர் வேலை செய்யும் வீட்டுக் கொட்டகைக்குத் தொழிற்சாலை ஆய்வாளர் வருவதில்லை. பெரும்பாலான வீடுகளில் ஒருமுனை மின்சாரமே உள்ளது. எனவே, வீட்டுப் பட்டறையின் பாதுகாப்பு அங்கு பொருத்தப்பெறும் விளக்கின் தரத்தையே சார்ந்துள்ளது.

மின்னோட்டத்தைச் சீராக்கித் தரும் ‘டிரைவர்’ என்னும் உறுப்பு நல்ல எல்.இ.டி. விளக்கினுள் அமைந்திருக்கும். அதிலுள்ள மின்தேக்கி, மின்னழுத்தம் சுழியாகும் இடைவெளியை நிரப்பி ஒளியை நிலைபெறச் செய்யும். விலையைக் குறைக்க இவ்வுறுப்பைச் சுருக்கிய விளக்குகளில் துடிப்பு மிகும். அத்தகைய விளக்கு நடைவழிக்கு உதவலாம். சுழலும் இயந்திரத்தின் அருகே அதற்கு இடமில்லை.

நிறமும் நிழலும்

பொருள்களின் இயல்பான நிறத்தைக் காட்டும் திறன் ‘சி.ஆர்.ஐ.’ என்னும் எண்ணால் குறிக்கப்பெறும். பட்டறை விளக்கிற்கு அது 80-க்குக் குறையாதிருத்தல் நன்று. குறைந்தால் சிவப்புக் கம்பிக்கும் பழுப்புக் கம்பிக்கும் வேறுபாடு தெரியாது. எஃகைப் பதப்படுத்துவோர், அது 230 டிகிரி செல்சியஸ் அளவில் வைக்கோல் நிறமும் 300 டிகிரி அளவில் நீல நிறமும் கொள்வதைக் கண்ணால் கண்டே பதம் அறிகின்றனர். நிறம் காட்டாத விளக்கு இவர்களை ஏமாற்றிவிடும். மஞ்சள் ஒளிக்கும் நீலம் பாய்ந்த வெண்ணொளிக்கும் இடைப்பட்ட 4,000 கெல்வின் ஒளி பட்டறைக்குப் பொருந்தும்.

விளக்குகளை வேலை செய்பவரின் முதுகுப்புறம் அமைத்தால் அவருடைய நிழலே வேலையின்மீது விழும். மேசைக்கு இணையாக, அதன் முன்விளிம்புக்கு நேர்மேலே குழல் விளக்குகளை வரிசையாக அமைத்தல் வேண்டும். நுண்ணிய வேலைக்கு லேத்தின் அருகே தனி விளக்கொன்று தேவை. சிறு விளக்கு ஒன்றை ஒரு மீட்டரிலிருந்து அரை மீட்டருக்கு நெருக்கினால், பொருளின்மீது விழும் ஒளி நான்கு மடங்காகும். குளிர்விக்கும் நீரும் உலோகச் சீவலும் தெறிக்குமிடமாதலால், 24 வோல்ட் விளக்கே அங்கு பாதுகாப்பானது.

வாங்கும்பொழுது விளக்கின் உறையில் வாட், லூமென், சி.ஆர்.ஐ. ஆகியவற்றுடன் இந்தியத் தர நிறுவனத்தின் பதிவெண்ணும் உள்ளதா என்று பார்த்தல் வேண்டும். பல்புகளின் பாதுகாப்புக்கான தர விதி ஐ.எஸ். 16102 ஆகும். எல்.இ.டி. விளக்கின் ஆயுளைக் குறைப்பது வெப்பமே. ஆதலின், காற்றோட்டமற்ற மூடிய குடுவைக்குள் பல்பை அடைக்கலாகாது.

ஒரு சிறு சோதனை

விளக்கின் துடிப்பை அறியக் கருவி ஏதும் வேண்டுவதில்லை. இரவில், சோதிக்கவேண்டிய விளக்கை மட்டும் எரியவிட்டு, அதன் கீழ் ஒரு பென்சிலை வேகமாக இடமும் வலமும் ஆட்டிப் பார்த்தல் வேண்டும். பென்சில் தொடர்ந்த பட்டையாகத் தோன்றினால் ஒளி நிலையானது. தனித்தனிப் பென்சில்கள் பலவாகத் தோன்றினால் ஒளி துடிக்கிறது. வகுப்பறையில் ஆசிரியர்கள் நான்கு கரிய பிரிவுகள் வரைந்த அட்டை வட்டை பொம்மை மோட்டாரில் பொருத்திச் சுழற்றிக் காட்டலாம். துடிக்கும் ஒளியில், வேகம் மாறும்பொழுது கோலம் நிற்பதையும் பின்னோக்கிச் செல்வதையும் மாணவர் காண்பர். பகலொளியில் அதே வட்டு ஒரே சாம்பல் நிறமாக மாறிவிடும்.

கிராமத்து லேத் பட்டறைக்கும் மோட்டார் பழுதுபார்க்கும் கடைக்கும் செல்லும் களப்பணியாளர்கள், இந்தப் பென்சில் சோதனையை அங்குள்ளோருக்குச் செய்து காட்டலாம். எந்த விளக்கானாலும், சுழலும் பொறியை நிறுத்திவிட்டதாகக் கண் சொல்வதை நம்பாமல், சுவிட்சை அணைத்து, அது ஓய்ந்ததை உறுதிசெய்த பின்னரே கை வைத்தல் வேண்டும் என்பதையும் உடன் எடுத்துரைத்தல் கடமையாகும்.