வீட்டில் ரேழி இருக்கா?

இதை யாரிடமாவது கொட்டிவிட வேண்டும், இல்லையென்றால் எனக்குத் தலை வெடித்துவிடும். மூன்று வாரம், முழுசாக மூன்று வாரம், உறையூரில் எங்கள் மொட்டை மாடியில் ஒரு கிரேஹவுண்ட் குடியிருந்தாள்! அதாவது, கிரேஹவுண்ட் என்று தெருவே சத்தியம் செய்த ஒருத்தி.

நம்பர் ஒன் டோல்கேட் பக்கம் ஒரு டீக்கடை வாசலில் நின்றிருந்தாள். விலா எலும்பை ஒன்று இரண்டு என்று எண்ணிவிடலாம். கழுத்தைச் சுற்றிக் கயிறு அறுத்த புண். கடைக்காரர் பன்னைப் பாலில் நனைத்துப் போட்டிருக்கிறார்; அதைத் தொடாமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாளாம். அந்த நீள மூக்கையும் வில் மாதிரி வளைந்த முதுகையும் பார்த்தவுடன் எனக்கு வாயில் வந்த பெயர் அம்பு.

கால்நடை டாக்டரிடம் கொண்டுபோனேன். அவர் முதலில் செய்த காரியம் காதைத் திருப்பிப் பார்த்ததுதான். அயர்லாந்தில் பந்தயத்துக்கு வளர்க்கும் கிரேஹவுண்டுகளுக்குக் காதுக்குள் அடையாளம் பச்சை குத்திவிடுவார்கள். டார்ச் அடித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தோம். உள்ளே உண்ணிதான் இருந்தது. "சிப்பிப்பாறைங்க. கொஞ்சம் கன்னியும் கலந்திருக்கும்" என்றார் டாக்டர். ஆக, கரிசல் சீமைக்காரி! 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலியில் சிப்பிப்பாறை, கன்னி என்று பேர் சொல்லிப் புகழ்ந்த சாதி. அந்தப் பெருமைக்குக் கிடைத்தது டோல்கேட்டில் ஊறின பன்.

கருத்தடை ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு தனிப் பாடமே நடந்தது. கிரேஹவுண்ட் வகையறாவுக்கு உடம்பில் கொழுப்பு மிகக் குறைவு. மற்ற நாய்களுக்குப் போடுகிற பழைய மயக்க மருந்துகளில் சிலவற்றை இவற்றுக்குப் போட்டால் எழுந்திருக்க வெகுநேரம் ஆகும். மருந்தை யோசித்துத்தான் எடுக்க வேண்டும். டாக்டர் யோசித்த அந்த ஐந்து நிமிஷத்தில் நான் நகத்தையெல்லாம் கடித்துத் தீர்த்துவிட்டேன்.

இனிமேல்தான் திரைக்குப் பின்னால் நடந்த கூத்து. நாய்க்கு வீடு தேடுவது என்றால் கெஞ்சுவதுதான் வேலை என்று நினைத்திருந்தேன். கிடையவே கிடையாது! மறுப்பதுதான் வேலை. போட்டோ போட்ட அன்றைக்கே போன் அடிக்க ஆரம்பித்துவிட்டது.

"முயல் பிடிக்குமா சார்?" இது முதல் ஆள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் காட்டு முயல் வேட்டை குற்றம் என்றேன். "சும்மா கேட்டேன் சார்" என்று வைத்துவிட்டார். அடுத்தவருக்குக் குட்டி வேண்டும். கருத்தடை செய்தாயிற்று என்றதும் லைன் கட். மூன்றாமவருக்குத் தோப்பில் கட்டிப்போடக் காவல் நாய். அம்புவா, காவலா? திருடன் வந்தால் தலையணையில் பாதியைக் கொடுத்து ஒதுங்கிப் படுப்பாள்.

ஏனென்றால், மணிக்கு அறுபது எழுபது கிலோமீட்டர் ஓடக்கூடிய கிரேஹவுண்ட் சொந்தத்தில் பிறந்த இந்த மகாராணி நாள் முழுக்கச் செய்தது தூக்கம். மல்லாந்து, நான்கு காலும் ஆகாயத்தில். சாயங்காலம் மாடியில் இரண்டே இரண்டு நிமிஷம் பேய் பிடித்த மாதிரி வட்டம் அடிப்பாள். பிறகு மறுபடி மல்லாந்து. உட்காரவும் தெரியாது. தொடைத் தசை அப்படி, உட்காருவது அவளுக்குச் சுகமில்லை. நின்றாள், இல்லையென்றால் படுத்தாள்.

மக்காவ் ஞாபகம் வந்துகொண்டே இருந்தது. 2018 ஜூலையில் அங்கே நாய்ப் பந்தய மைதானம் மூடியபோது 500க்கும் மேற்பட்ட கிரேஹவுண்டுகள் மிச்சம் நின்றன. 'அனிமா' என்ற அமைப்பு அவற்றுக்கு நாடு நாடாக வீடு தேடி விமானம் ஏற்றியது. ஐந்நூறு! எனக்கு ஒன்றுக்கே நாக்குத் தள்ளியது.

வெளிநாட்டில் கிரேஹவுண்ட் தத்துக் கொடுப்பவர்கள் கேட்கும் கேள்விகளைப் படித்து ஒரு பட்டியல் வைத்திருந்தேன். அதில் எனக்குப் பிடித்தது: தெருக்கதவுக்கும் வீட்டுக்கும் நடுவில் இன்னொரு கதவு உண்டா? ஒரு கதவு திறந்திருக்கும்போது இன்னொன்று மூடியிருக்க வேண்டும். பூனை வாலைப் பார்த்தால் இந்தச் சாதி அம்பாய்ப் பாய்ந்துவிடும், கூப்பிட்டாலும் காதில் விழாது. திருச்சி அடுக்குமாடி வீடுகளில் இதற்கு எங்கே போக?

பத்தாவது போன் ஸ்ரீரங்கத்திலிருந்து. சித்திரை வீதியில் பாட்டி வீடு, கேட்டது பேரன். போய்ப் பார்த்தேன். திண்ணை, தெருக்கதவு, ரேழி, ரேழிக்கு அந்தப் பக்கம் இன்னொரு கதவு, கூடம், முற்றம், கொல்லை. எல்லாம் ஒரே நேர்கோட்டில், ரயில் பெட்டி மாதிரி! அயல்நாட்டுக்காரர் வேலி கட்டிச் செய்வதை நம் கொத்தனார் எப்போதோ செய்துவைத்திருக்கிறார். ரேழியில் நின்று நான் கைதட்டியதைப் பாட்டி சந்தேகமாகப் பார்த்தார்.

"நாயா? ஆத்துக்குள்ளயா?" என்றவரிடம் பேரன் ஏதோ முணுமுணுத்தான். பேரம் அரை மணி நேரம் நடந்தது. தளிகை உள்ளுக்கு, அதாவது சமையலறைக்கு, வரப்படாது. பெருமாள் உள்ளுக்கு வரவே வரப்படாது. முட்டை? ஒரு நீண்ட மௌனம். கொல்லைக் கதவுக்கு அந்தப் பக்கம், தனிப் பாத்திரத்தில், பேரன் கையால். "என் கண்ணுல படாம." நான் என் பங்குக்கு இரண்டு கேட்டேன். வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்திலும் தேர் அன்றைக்கும் இரண்டு கதவும் சாத்தியிருக்க வேண்டும். கத்திரி வெயிலில் பகலில் தெருவில் இறக்கக் கூடாது, பாதம் வெந்துவிடும். பாட்டி, "எனக்கே வேகறது" என்றார்.

ஒப்படைக்கிற நாள். ஆட்டோவில் காவிரிப் பாலம் ஏறியதும் அம்பு மூக்கை வெளியே நீட்டினாள். காது இரண்டும் பின்னால் பறக்க, கண்ணை மூடிக்கொண்டு, பாலம் முடிகிறவரை அப்படியே. டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு வேகத்தைக் குறைத்தார். அவள் கேட்டமாதிரியே!

வீட்டு வாசலில் எல்லாம் நின்றுபோனது. காவி மெழுகிய வழவழப்புத் தரை. நீளக் கால் நாலும் நாலு திசையில் வழுக்க, ரேழியில் மரமாக நின்றுவிட்டாள். பிஸ்கட் காட்டினோம், அசையவில்லை. தூக்கலாம் என்றால் நடுங்கினாள். பேரன் அழுகிற நிலைக்கு வந்துவிட்டான். எனக்கோ, திரும்ப மாடிதானா என்று ஒரு பக்கம் திக்கென்றது, இன்னொரு பக்கம் (வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்) சந்தோஷமாகவும் இருந்தது.

பாட்டி பரணைக் கைகாட்டினார். கல்யாணத்துக்கு வாங்கிச் சுருட்டி வைத்திருந்த கோரைப் பாய்கள். பேரன் ஒன்றன் பின் ஒன்றாக விரித்தான்: ரேழி, கூடம், முற்றத்துத் தாழ்வாரம். ஒரு கால் வைத்தாள். இன்னொரு கால். பிறகு, அடேயப்பா, ரேழியிலிருந்து கொல்லை வரை ஒரே கோடு! திரும்பி ஒரு கோடு! பாட்டி தூணோடு ஒட்டிக்கொண்டு, "பெருமாளே, பெருமாளே" என்று சிரிக்கிறார்.

நேற்று போன் செய்தேன். பின்னால் பாட்டி குரல் கேட்டது. தச்சி மம்மு (தயிர்சாதம்தான்) ஆறிப்போறது, வா சீக்கிரம் என்று யாரையோ அதட்டிக்கொண்டிருந்தார். யாரைப் பாட்டி கூப்பிடுகிறார் என்று பேரனைக் கேட்டேன்.

"அம்புவைத்தான். அவளுக்கு முழுப்பேர் அம்புஜமாம்."