லிங்க்கைக் கொடுத்தாகிவிட்டது, திரும்ப வாங்க முடியுமா?

போன வருஷம் ஆவணியில் என் மச்சான் செங்கல்பட்டுப் பக்கம் இருந்த மனையை விற்கப் பார்த்தார். புரோக்கர் கேட்ட காகிதங்கள் எல்லாவற்றையும், அதாவது கிரயப்பத்திரம், மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, கூடவே ஆதார், பான் என ஒன்று விடாமல் ஸ்கேன் செய்து, ஒரு ஃபோல்டரில் போட்டு, லிங்க்கை வாட்ஸ்அப்பில் அனுப்பிக் கொடுத்தவன் நான்தான். விலை படியவில்லை. விஷயம் மறந்தே போனது. தை மாதம் கோயம்புத்தூரிலிருந்து முன்பின் தெரியாத ஒருவர் மச்சானைக் கூப்பிட்டார். “சார், உங்க பேப்பர்ஸ் பார்த்தேன். கிழக்கு எல்லை அளவு பத்திரத்துல ஒண்ணு, பட்டாவுல ஒண்ணு இருக்கே?”

அவர் சொன்னது சரியான குறைதான். ஆனால் அந்த மனிதர் யார், லிங்க் எத்தனை கை மாறி அவரிடம் போனது என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. “என்ன மாப்ளே, ஊரே பார்க்குதா?” என்று மச்சான் கேட்டார். ஃபோல்டரைத் திறந்து பகிர்வுப் பக்கத்தைப் பார்த்தேன். ‘எனிஒன் வித் த லிங்க்’ என்று இருந்தது. மாதக்கணக்கில் அப்படியே திறந்து கிடந்திருக்கிறது. கோளாறு சேவையில் இல்லை. அவசரத்தில் அதைத் தேர்ந்தெடுத்தது என் விரல்.

கிளவுட் சேமிப்பு என்றதும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, எத்தனை ஜிபி இலவசம் என்பது. கூகுளில் 15 ஜிபி, ஆனால் அதில் ஜிமெயிலும் போட்டோக்களும் சேர்த்தி. ஒன்டிரைவிலும் ஐகிளவுடிலும் 5. டிராப்பாக்ஸில் 2. நம் பொருளை நாமே வைத்துக்கொள்வதற்கு இந்தக் கணக்கு போதும். அடுத்தவருக்குக் கொடுப்பதற்கு என்றால் கேள்வி வேறு: கொடுத்ததை நினைத்த நேரத்தில் திரும்ப வாங்க முடியுமா?

பகிர்வதில் இரண்டு வழி உண்டு. ஒன்று, லிங்க் வைத்திருக்கும் யாரும் திறக்கலாம். வாங்குபவர் லாகின் செய்ய வேண்டாம், ‘ஓப்பன் ஆகலையே’ என்று போன் வராது. அதனால்தான் எல்லோரும் இதையே அழுத்துகிறோம். அந்த லிங்க் யாரும் ஊகிக்க முடியாத நீளமான எழுத்துக் கோவைதான், ஆனால் ஒரு ஃபார்வர்டு போதும், அது ஊர்ச்சாவி ஆகிவிடும். இரண்டாவது வழி, இன்னாரின் மின்னஞ்சலுக்கு மட்டும் அனுமதி தருவது. அவர் லிங்க்கை பத்துப் பேருக்கு அனுப்பினாலும் அந்தப் பத்துப் பேருக்கும் கதவு திறக்காது. வேலை முடிந்ததும் அவர் பெயரை நீக்கிவிடலாம். கூகுள் டிரைவில் ‘ரெஸ்ட்ரிக்டட்’ என்று இருப்பது இதுதான்.

அங்கேயே கவனிக்க இன்னும் ஒன்று இருக்கிறது. ஒருவருக்கு எடிட்டர் உரிமை கொடுத்தால், அவர் மற்றவர்களையும் உள்ளே சேர்க்கலாம் என்பது இயல்பாகவே இயக்கத்தில் இருக்கும். பகிர்வுப் பக்கத்தில் பற்சக்கரக் குறியை அழுத்தி அதை எடுத்துவிடலாம். பார்ப்பவர்கள் டவுன்லோடு செய்வதையும் அங்கே தடுக்கலாம். ஸ்கிரீன்ஷாட் எடுப்பதை எந்தக் கம்பெனியாலும் தடுக்க முடியாது என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

லிங்க்குக்கு பாஸ்வேர்டும் காலாவதித் தேதியும் போடும் வசதிதான் பகிர்வதற்கு உண்மையில் காசு கொடுத்து வாங்க வேண்டியது. ஒன்டிரைவ், டிராப்பாக்ஸ், மெகா மூன்றிலும் அது சந்தா கட்டுபவர்களுக்குத்தான். இலவசக் கணக்கில் காலாவதித் தேதியை நாம்தான் காலண்டரில் குறித்து, அன்றைக்குப் போய்க் கதவைச் சாத்த வேண்டும். செய்வோமா என்றால், என் அனுபவம் மேலே இருக்கிறது.

கூட்டாகப் பயன்படுத்துகிறவர்கள் யார் கணக்கில் இடம் கழிகிறது என்று பாருங்கள். பழைய மாணவர் சங்கத்தின் போட்டோ ஃபோல்டர் டிராப்பாக்ஸில் இருந்தால், அதில் சேர்ந்த ஒவ்வொருவரின் இடத்திலும் அது கழியும். இலவச 2 ஜிபி ஒரே ஆண்டுவிழாவில் நிரம்பிவிடும். கூகுள் டிரைவில் ஃபைலின் சொந்தக்காரர் கணக்கில் மட்டுமே கழியும்.

அடுத்தது, சாவி யாரிடம்? கூகுள், மைக்ரோசாஃப்ட் போன்ற சேவைகளின் சாதாரணக் கணக்குகளில் ஃபைல் பூட்டப்பட்டிருந்தாலும் சாவி கம்பெனியிடமும் இருக்கிறது. மெகா, புரோட்டான் டிரைவ் போன்றவற்றில் பூட்டுவது நம் கருவியிலேயே நடப்பதால், கம்பெனியாலேயே உள்ளே பார்க்க முடியாது. மருத்துவ அறிக்கை, வழக்குக் காகிதம் போன்றவற்றுக்கு நான் இந்த வகையையே சொல்வேன். ஒரு ஆபத்தும் உண்டு. மெகாவில் பாஸ்வேர்டை மறந்து, ரெகவரி கீயையும் தொலைத்துவிட்டால் ஃபைல்கள் போனதுதான்.

சேவையே இல்லாமல் போகும் நாளும் வரலாம். 2012 ஜனவரியில் அமெரிக்க அரசு மெகாஅப்லோடு தளத்தைப் பதிப்புரிமை வழக்கில் மூடியபோது, திருட்டுப் படங்களோடு சேர்ந்து ஒழுங்காகத் தங்கள் வேலையை வைத்திருந்தவர்களின் ஃபைல்களும் எட்டாமல் போயின. 2020 மே மாதம் இந்தியத் தொலைத்தொடர்புத் துறையின் உத்தரவால் வீட்ரான்ஸ்ஃபர் தளம் இங்கே முடக்கப்பட்டது. ஊரடங்கில் வீட்டிலிருந்தபடி பெரிய வீடியோக்களை அதில் அனுப்பிக்கொண்டிருந்தவர்கள் விழித்தார்கள். இரண்டு ஆண்டுகள் தொடாத தனிநபர் கணக்கை அழிக்கும் வழக்கத்தை கூகுள் 2023 டிசம்பரில் தொடங்கியது. மகனுக்கு வந்த தொற்றை டாக்டருக்குக் காட்டப் படம் எடுத்த ஒரு அமெரிக்கத் தந்தையின் கூகுள் கணக்கு முழுவதும் முடக்கப்பட்டது. போலீஸ் விசாரித்துக் குற்றமில்லை என்ற பிறகும் கணக்கு திரும்பவில்லை. 2022-இல் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்ட செய்தி இது. கிளவுடில் இருப்பது ஒரு பிரதி என்றே வையுங்கள். இன்னொன்று வீட்டு ஹார்ட் டிஸ்கில் இருக்கட்டும்.

ஆதாரைப் பொறுத்தவரை, எந்த டிரைவ் நல்லது என்று யோசிப்பதைவிட எந்தப் பிரதியை அனுப்புவது என்று யோசிப்பது மேல். கடைசி 4 இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட பிரதியை ஆதார் ஆணையத்தின் தளத்திலேயே டவுன்லோடு செய்யலாம். கேட்கிற இடத்தில் முதலில் அதைக் கொடுத்துப் பாருங்கள். 2015-இல் வந்த டிஜிலாக்கரில் அந்தந்தத் துறையே வழங்கும் சான்றுகள் சட்டப்படி மூலத்துக்குச் சமம். அரசு ஊழியர்களுக்கு ஒரு வார்த்தை: ரகசிய அலுவலகக் கோப்புகளை கூகுள் டிரைவ், டிராப்பாக்ஸ் போன்ற வெளிச் சேவைகளில் வைக்கக் கூடாது என்று மத்திய அரசு 2022 ஜூனிலேயே தன் ஊழியர்களுக்குச் சொல்லிவிட்டது.

சரி, தப்பு நடந்துவிட்டது. என்ன செய்வது?

முதலில் அனுமதியை எடுங்கள். ஏற்கெனவே டவுன்லோடு ஆன பிரதி திரும்பாது, இனி போகவிருப்பது நிற்கும். உங்கள் ஃபைலை வேறொருவர் தன் கணக்கில் ஏற்றிப் பரப்பினால், அந்தச் சேவையின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி அப்படி ஒருவரை அவர்கள் நியமித்தே ஆக வேண்டும். பதில் திருப்தி இல்லையென்றால் 30 நாளுக்குள் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்கு ஆன்லைனில் போகலாம், வக்கீல் தேவையில்லை. அந்தரங்கப் படம் என்றால் அதை நீக்க அதே விதிகள் 24 மணி நேரம் என்று கெடு வைத்தன. அத்தகைய படத்தைச் சம்மதமின்றி எடுப்பதும் பரப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவில் 3 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில் பெயர் சொல்லாமலும் இதைப் பதியலாம்.

‘உங்களுடன் ஒரு ஃபைல் பகிரப்பட்டுள்ளது’ என்று வந்த மின்னஞ்சலை நம்பி, போலிப் பக்கத்தில் பாஸ்வேர்டைக் கொடுத்துப் பணமும் போயிருந்தால், உடனே 1930 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். முதல் சில மணி நேரத்தில் சொன்னால்தான் பணத்தை வழியில் நிறுத்தி வைக்க வாய்ப்பு.

சந்தா கட்டியும் சேவை தவறினால் நீங்கள் நுகர்வோர். 1915 என்ற உதவி எண்ணில் புகார் சொல்லலாம், நீங்கள் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்கும் போடலாம். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது. இலவசக் கணக்கு வைத்திருப்பவர் இந்தக் கதவைத் தட்டுவது கஷ்டம். ஆண்டுக்கு ஆயிரத்துச் சொச்சம் கட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பேன்.

2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தந்த சம்மதத்தைத் திரும்பப் பெறவும், தரவை அழிக்கச் சொல்லவும், நமக்குப் பின் யார் இவற்றைக் கேட்கலாம் என்று ஒருவரை நியமிக்கவும் உரிமை தருகிறது. விதிகள் 2025 நவம்பரில் வந்து, கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வருகின்றன. பாதுகாப்பில் கோட்டைவிடும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம். அந்தப் பணம் போவது அரசின் தொகுப்பு நிதிக்கு. பாதிக்கப்பட்டவர் கைக்கு அதிலிருந்து ஒரு பைசா வராது.

கோயம்புத்தூர் போனுக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து என் டிரைவை முழுக்க அலசினேன். ஃபோல்டர் மேல் சின்ன ஆள் உருவம் தெரிந்தால் அது யாருடனோ பகிரப்பட்டது. நீங்களும் இன்றே ஒருமுறை பார்த்துவிடுங்கள். என் கணக்கில் 11 ஃபோல்டர்கள் திறந்து கிடந்தன. அவற்றில் ஒன்று, 2017-இல் காலி செய்த வாடகை வீட்டின் ஒப்பந்தம்.