68 கிலோமீட்டர்... நான்கு நாள்கள்! போடிமெட்டுச் சாலையில் ஆற அமர ஒரு பயணம்

போடிநாயக்கனூரிலிருந்து மூணாறு சுமார் 68 கிலோமீட்டர். காரை எடுத்தால் இரண்டரை மணி நேரத்தில் போய்விடலாம். அப்படித்தான் எல்லோரும் போகிறார்கள். போடிமெட்டில் ஒரு டீ, பனிமூட்டத்தில் நாலு செல்ஃபி, மூணாறில் மதியச் சாப்பாடு, ராத்திரிக்குள் வீடு. அதே தூரத்தைக் கடக்க நாங்கள் நான்கு நாள்கள் எடுத்துக்கொண்டோம். வண்டி ரிப்பேர் ஒன்றும் இல்லை. திட்டமே அதுதான்!

இந்த யோசனை ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. அண்ணனும் அண்ணியும் போன வருடம் கெய்ன்ஸ் நகரத்திலிருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தார்கள். ஆஸ்திரேலியாவின் வெப்பமண்டலப் பகுதியில், குயின்ஸ்லாந்து மாநிலத்தின் வடக்கே கடலோரத்தில் இருக்கும் ஊர் அது. மருமகன் காருக்குப் பின்னால் ஒரு கேரவனை மாட்டி, அதர்ட்டன் மேட்டுநிலத்துக்கு அழைத்துப் போயிருக்கிறார். கட்டில், அடுப்பு, குளிர்பெட்டி எல்லாம் அந்த வண்டிக்குள்ளேயே. வழியில் கரும்புக் காடு, காபித் தோட்டம், தேயிலைத் தோட்டம். "போடிக்கு மேல போன மாதிரியே இருந்துச்சு. என்ன, கூட்டம்தான் இல்ல" என்றார் அண்ணி.

அண்ணியை அசர வைத்தது வண்டியைவிட, அதில் வந்த மனிதர்கள்தான். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தம்பதிகள் கேரவனை இழுத்துக்கொண்டு மாதக்கணக்கில் நாட்டைச் சுற்றுகிறார்கள். 'கிரே நோமட்ஸ்' என்று அவர்களுக்குப் பெயரே இருக்கிறது. நரைத்த நாடோடிகள்! தெற்கே குளிர் தொடங்கியதும் வடக்கே வந்துவிடுவார்கள். வடக்கே மழைக்காலம் நெருங்கும்போது திரும்பிவிடுவார்கள். சின்னச் சின்ன ஊர்களில்கூட வண்டியை நிறுத்தித் தங்க கேரவன் பூங்கா இருக்கிறதாம்.

யோசித்துப் பார்த்தால் நமக்கும் இது புதிதில்லை. கூட்டு வண்டியில் வைக்கோல் பரப்பி, ஜமுக்காளம் விரித்து, கட்டுச்சோறு கட்டிக்கொண்டு கோயில் கோயிலாகப் போனவர்கள்தான் நம் தாத்தா பாட்டிகள். 300 வருடங்களுக்கு முன்பு ராணி மங்கம்மாள் சாலை போட்டு, சத்திரங்கள் கட்டியதும் இப்படி ஆற அமரப் போகிறவர்களுக்காகத்தானே!

"நம்ம மலையையே நாம இப்படிப் பாத்ததில்லையே" என்று அண்ணன் கேட்ட கேள்விதான் எங்களைக் கிளப்பியது. கூடவே இன்னொரு காரணமும் இருந்தது. அம்மா.

26 வருடம் ஜீப்பில் ஏறி ஏலத் தோட்டத்து வேலைக்குப் போனவர் அம்மா. விடியும் முன்பே கிளம்ப வேண்டும், திரும்பும்போது இருட்டியிருக்கும். இப்போது வயது 74. முழங்கால் வலி. அம்மாவை நடக்க வைக்காமல், அவசரப்படுத்தாமல் அந்த மலையைக் காட்ட வேண்டும் என்று முடிவு செய்தோம்.

கேரவனா... வேனா?

கேரளத்தில் 2021-ல் கேரவன் சுற்றுலாத் திட்டத்தை அறிவித்தார்கள். அடுத்த வருடமே இடுக்கி மாவட்டம் வாகமனில் முதல் கேரவன் பூங்கா வந்துவிட்டது. ஆனால், போடிமெட்டுச் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். அதில் ஒரு வீட்டை இழுத்துக்கொண்டு ஏறுவதை நினைத்தாலே வயிற்றைக் கலக்கியது. அதனால் டிரைவரோடு ஒரு 12 சீட் வேனை வாடகைக்கு எடுத்தோம். கடைசி சீட்டில் மெத்தை, அம்மாவுக்கு ஜன்னலோர இருக்கை, தண்ணீர் கேன், பிளாஸ்க், புளியோதரை, தட்டை, முறுக்கு. மூன்றே விதிகள்: இருட்டிய பிறகு வண்டி நகரக்கூடாது. பிடித்த இடத்தில், பாதுகாப்பாக இருந்தால், கட்டாயம் நிறுத்த வேண்டும். 'எப்போ போய்ச் சேருவோம்?' என்று யாரும் கேட்கக்கூடாது.

நியூட்ரினோ மலையும் ஏலக்காய் ஊரும்

கிளம்பியது எங்கள் பொட்டிபுரத்திலிருந்து. ஊர்ப் பெயரைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள், 'நியூட்ரினோ ஊரா?' என்பார்கள். இங்குள்ள அம்பரப்பர் மலையைக் குடைந்து, ஒரு கிலோமீட்டருக்கும் அதிகமான பாறைக்கு அடியில், 50,000 டன் இரும்புக் கருவியோடு ஆய்வகம் அமைக்க 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மலைக்கும் தண்ணீருக்கும் என்ன ஆகுமோ என்ற பயத்தில் எதிர்ப்பு கிளம்பியது, வழக்குகள் வந்தன, தமிழக அரசும் உச்ச நீதிமன்றத்தில் எதிர்ப்பைப் பதிவு செய்தது. மலை அப்படியே நிற்கிறது. அதைச் சுற்றி ஆடு மேய்கிறது.

போடியில் அரை நாள் கழித்தோம். கடைத்தெருவில் நடந்தாலே ஏலக்காய் மணம் மூக்கைத் துளைக்கும். நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் நடப்பது இரண்டே ஊர்களில்தான். ஒன்று போடி, மற்றொன்று கேரளத்தில் இருக்கும் புற்றடி. மலையில் விளையும் காய்க்கு இங்கே கணினித் திரையில் விலை ஏறி இறங்குகிறது. இலவம் பஞ்சுக்கும் போடிதான் பேர்போன ஊர். நாங்கள் தலையணைக்கு இரண்டு கிலோ வாங்கி வண்டியில் போட்டோம். அவசரமாகப் போகிறவர்களுக்கு இதெல்லாம் எங்கே கண்ணில் படப்போகிறது!

1928-ல் வந்த மதுரை - போடி மீட்டர் கேஜ் ரயில் 2010 கடைசியில் நின்றுபோனது. 12 வருடங்களுக்கு மேல் காத்திருந்து, 2023 ஜூனில் அகல ரயில் பாதையாகத் திரும்பக் கிடைத்தது. இப்போது சென்னை சென்ட்ரலிலிருந்து வாரம் மூன்று நாள் நேராகப் போடிக்கே ரயில் இருக்கிறது. சென்னைவாசிகள் ரயிலில் வந்து, இங்கே வண்டி பிடித்துக்கொள்ளலாம்.

முந்தலுக்கு மேலே...

முந்தலைத் தாண்டினால் மலைச்சாலை தொடங்குகிறது. போடி ஆயிரத்துச் சொச்சம் அடி உயரத்தில் இருக்கிறது. போடிமெட்டு 4,000 அடிக்கு மேல். நடுவில் 26 கிலோமீட்டர்தான். கீழே மாந்தோப்பும் முள்மரமும் வெயிலும். ஏற ஏற ஜன்னல் வழியே வரும் காற்று மாறுகிறது. பாதி வழியில் ஸ்வெட்டரைத் தேடினார் அண்ணி.

பாதுகாப்பான ஓர் இடத்தில் வண்டியை நிறுத்தினோம். கீழே போடி ஊர் கைக்குட்டை அளவுக்குத் தெரிந்தது. அம்மா வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "இம்புட்டு அழகா இருக்குன்னு எனக்குத் தெரியவே தெரியாதுடா."

அதெப்படி? 26 வருடம் போன பாதையாயிற்றே என்று கேட்டேன். "ஜீப்புல பதினஞ்சு பொம்பளைங்க நெருக்கியடிச்சு உக்காந்திருப்போம். மழைக்குப் படுதாவை இறக்கி விட்ருப்பாங்க. போகையில தூக்கம், வரையில அசதி. பின்னாடி உக்காந்தவளுக்கு ரோடு மட்டும் தெரியும். வளைவுக்கு வளைவு சாமியத்தான் கும்பிடுவோம்" என்றார்.

இன்றும் அந்த ஜீப்புகள் போகின்றன. போடி, கம்பம், தேவாரம் பகுதிகளிலிருந்து பெண்கள் தினமும் விடியற்காலையில் மலையேறி, மாலையில் இறங்குகிறார்கள். விபத்துச் செய்தி வரும்போதுதான் வெளியே இருப்பவர்களுக்கு இவர்கள் நினைவுக்கு வருகிறார்கள்.

ஐந்து கிலோவுக்கு ஒரு கிலோ

முதல் ராத்திரி பூப்பாறை பக்கம் ஒரு ஹோம் ஸ்டேயில் தங்கினோம். மறுநாள் உரிமையாளரின் அனுமதியோடு ஏலத் தோட்டத்துக்குள் போனபோது, அம்மாதான் எங்களுக்கு கைடு!

ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை. அடித்தூரிலிருந்து தரையோடு படரும் சரத்தில்தான் பூவும் காயும். அதனால் எடுப்பவர் நாள் முழுக்கக் குனிந்தோ குத்தவைத்தோதான் இருக்க வேண்டும். ஒரே சரத்தில் பிஞ்சும் இருக்கும், பழமும் இருக்கும். பக்குவமானதை மட்டும் பார்த்துப் பார்த்து எடுக்க வேண்டும். அதனால் ஒரே தடவையில் அறுவடை முடியாது. மாதம், ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப எடுப்பு நடக்கும். எடுத்த பச்சைக்காயை 'ஸ்டோர்' என்று சொல்லும் உலர்கூடத்தில் மிதமான சூட்டில் ஏறக்குறைய ஒரு நாள் முழுக்கக் காயவைக்கிறார்கள். ஐந்து கிலோ பச்சைக்காய் காய்ந்தால் ஒரு கிலோதான் மிஞ்சும். அதைச் சல்லடையில் சலித்து, அளவு பார்த்துத் தரம் பிரிக்கிறார்கள்.

"பாயசத்துல நாலு காயத் தட்டிப் போடுறீங்கள்ல... அந்த நாலையும் ஒருத்தி குனிஞ்சுதான் எடுத்திருப்பா" என்றார் அம்மா. அம்மாவின் முழங்கால் வலி எங்கிருந்து வந்தது என்று எங்களுக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

அரிசி தேடி வந்தவன்

அடுத்து ஆனயிறங்கல் அணை, சின்னக்கானல். இது யானைகளின் ஊர். மலையாளத்தில் 'அரி' என்றால் அரிசி. ரேஷன் கடைகளை உடைத்து அரிசி தின்றதால் 'அரிக்கொம்பன்' என்று பெயர் வாங்கிய யானையை 2023 ஏப்ரலில் இங்கேதான் பிடித்தார்கள். பெரியாறு காட்டில் விட்டார்கள். அடுத்த மாதமே அது கம்பம் ஊருக்குள் வந்து நின்றது! ஜூனில் தமிழக வனத்துறை மீண்டும் பிடித்து, களக்காடு முண்டந்துறைக் காட்டில் கொண்டுபோய் விட்டது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஆஸ்திரேலியாவில் செய்வதுபோல சாலையோரத்தில் வண்டியை நிறுத்தி, சோறு பொங்கி, அங்கேயே படுப்பது இங்கே நடக்காது. யானைக்கு மோப்பம் அதிகம். கட்டுச்சோற்று மிச்சத்தை வீசிவிட்டு வந்தால், நாளைக்கு அந்த வாசனை தேடி யானை வரும். அதன் விளைவை அனுபவிப்பது அங்கே குடியிருப்பவர்கள்தான்.

டாப் ஸ்டேஷன்... பெயரில் மட்டும் ரயில்

மூன்றாம் நாள் கேப் ரோடு வழியாக மூணாறு. அங்கிருந்து 32 கிலோமீட்டரில் டாப் ஸ்டேஷன். பெயரில் ஸ்டேஷன் இருக்கிறதே, ரயில் எங்கே? இருந்தது! 1902-ல் மூணாறிலிருந்து இங்கே மாடுகள் இழுக்கும் ஒற்றைத் தண்டவாள வண்டி ஓடியது. 1908-ல் குறுகிய ரயில் பாதை ஆனது. தேயிலைப் பெட்டிகள் இங்கிருந்து கம்பிவட வழியாகக் கீழே கொட்டகுடிக்கு இறங்கி, மாட்டுவண்டியில் போடிக்கு வந்து, பிறகு கப்பலேறி இங்கிலாந்து போயின. 1924 வெள்ளம் ரயில் பாதையை அடித்துக்கொண்டு போய்விட்டது.

விளிம்பில் நின்று பார்த்தால் கீழே குரங்கணிக் காடு. 2018 மார்ச் 11 அன்று மலையேற்றத்துக்கு வந்தவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் உயிரைக் காட்டுத்தீ குடித்தது அங்கேதான். காய்ந்த புல், பலத்த காற்று, செங்குத்துச் சரிவு. கோடையில் இந்த மலையில் ஒரு தீக்குச்சிகூட ஆபத்து என்பதை மறக்கவே கூடாது.

நான்காம் நாள் வந்த வழியே இறங்கினோம். அம்மா கடைசிவரை ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தார்.

நீங்களும் கிளம்புகிறீர்களா?

* வாடகை வேன் என்றால் கேரளத்துக்கான பெர்மிட், வரி ரசீது இருக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

* கனமழைக் காலத்தில் மண்சரிவு அபாயம் உண்டு. கிளம்பும் முன் சாலை நிலவரத்தைக் கேட்டுக்கொள்வது நல்லது.

* ஏறிய கியரிலேயே இறங்குவது மலைச்சாலையின் பாலபாடம். பிரேக்கை மட்டும் நம்ப வேண்டாம்.

* பெரியவர்களோடு போகிறீர்கள் என்றால், ஒரு நாளைக்கு 40 கிலோமீட்டர் போதும். மருந்து, கம்பளி, வாந்திக்கு எலுமிச்சம்பழம் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

* ஏலக்காய், தேயிலைத்தூளை மலையிலும் போடியிலும் வாங்குங்கள். நாம் செலவழிக்கும் காசு அங்கேயும் கொஞ்சம் தங்கட்டும். குப்பை மட்டும் நம்மோடு திரும்பி வரட்டும்.

* ஏறி வரும் வண்டிக்கு, இறங்குகிறவர்தான் வழிவிட வேண்டும். விடியற்காலையில் எதிரே ஒரு தோட்டத்து ஜீப் வந்தால், ஹாரன் அடிக்காமல் ஓரமாக ஒதுங்கி நில்லுங்கள். நாம் ஊர் சுற்ற வந்தவர்கள். அவர்கள் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.