வீடு பாதியில் நின்றால்: குத்தகையாளருடன் வரும் தகராறில் சட்டம் யார் பக்கம்?

தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றதும் தோட்ட வீட்டைக் காலி செய்ய வேண்டிய குடும்பங்களுக்குச் சொந்த வீடு பல ஆண்டுக் கனவு. கெடாவில் சுங்கைப் பட்டாணி, கூலிம், பாடாங் செராய், பீடோங், லூனாஸ் வட்டாரத் தாமான்களில் இன்று வசிக்கும் தமிழ்க் குடும்பங்களில் பல அப்படி வெளியே வந்தவைதான். ஊழியர் சேமநிதிப் பணம், பிள்ளைகளின் சம்பளம், அடகு வைத்த நகை எல்லாம் சேர்ந்துதான் ஒரு வீடு எழும்புகிறது. இருக்கிற வீட்டில் சமையலறையை நீட்டிக் கட்டுவதும் அப்படித்தான்.

அந்தப் பணத்தை வாங்கிய குத்தகையாளர் கூரை போடாமலே காணாமல் போனால் என்ன செய்வது? கட்டி முடித்த ஆறே மாதத்தில் சுவர் பிளந்தால் யாரிடம் போவது? பலர் போலீஸ் நிலையத்திற்கு ஓடுகிறார்கள், சிலர் தலையெழுத்து என்று விட்டுவிடுகிறார்கள். இரண்டுக்கும் நடுவில் சட்டம் திறந்து வைத்திருக்கும் கதவுகள் பல உண்டு. எந்தக் கதவைத் தட்டுவது என்பது ஒரே கேள்வியில் தொடங்குகிறது: ஒப்பந்தம் யாரோடு?

மேம்பாட்டாளரிடம் வாங்கிய வீடு

உரிமம் பெற்ற வீடமைப்பு மேம்பாட்டாளரிடம் புது வீடு வாங்கியவருக்கே சட்டப் பாதுகாப்பு அதிகம். 1966ஆம் ஆண்டு வீடமைப்பு மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் விற்பனை ஒப்பந்தத்தின் வாசகத்தையே அரசாங்கம் வகுத்து வைத்திருக்கிறது. தரை வீட்டை 24 மாதத்திலும், அடுக்குமாடி வீட்டை 36 மாதத்திலும் ஒப்படைக்க வேண்டும். தாமதமானால் வீட்டு விலையில் ஆண்டுக்கு 10 விழுக்காடு என்று நாள் கணக்கில் இழப்பீடு. 3 லட்சம் வெள்ளி வீடு 100 நாள் தாமதமானால் ஏறக்குறைய 8,219 வெள்ளி வாங்கியவருக்குச் சேர வேண்டும்.

அந்த நாள்களை எங்கிருந்து எண்ணுவது என்பதிலும் வழக்கு நடந்திருக்கிறது. முன்பதிவுப் பணத்தை முதலில் வாங்கிக்கொண்டு, மாதங்கள் கழித்து ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குவது சில மேம்பாட்டாளர்களின் வழக்கம். பிஜேடி ரீஜென்சி வழக்கில் 2021 ஜனவரியில் கூட்டரசு நீதிமன்றம் இதற்கு முடிவு கட்டியது. முன்பதிவுப் பணம் கட்டிய நாளிலிருந்தே காலக்கெடு ஓடத் தொடங்குகிறது என்பது தீர்ப்பு. ஆகவே அந்த முதல் ரசீதைத் தூக்கிப் போடக்கூடாது.

சாவி வாங்கிய பிறகு 24 மாதத்திற்கு, ஒழுகும் கூரை, வெடித்த சுவர் போன்ற குறைகளை மேம்பாட்டாளர் தம் செலவில் சரிசெய்ய வேண்டும். எழுத்து மூலம் அறிவித்து 30 நாளில் செய்யாவிட்டால், வாங்கியவரே செய்துகொண்டு, வழக்கறிஞரிடம் பிடித்து வைக்கப்பட்டிருக்கும் 5 விழுக்காட்டுத் தொகையிலிருந்து செலவைக் கேட்கலாம். ஆனால் பழுது பார்க்கும் முன்பே செலவு மதிப்பீட்டை மேம்பாட்டாளருக்கு எழுத்தில் தெரிவித்திருக்க வேண்டும்.

அதிலும் தீராவிட்டால் வீடு வாங்குவோர் நடுவர் மன்றம் இருக்கிறது. 2002 டிசம்பரிலிருந்து இயங்கும் இம்மன்றத்தில் 50,000 வெள்ளி வரை கோரலாம். வழக்கறிஞர் தேவையில்லை. கட்டட நிறைவுச் சான்றிதழ் கிடைத்த நாள் அல்லது குறை தீர்க்கும் காலம் முடிந்த நாளிலிருந்து 12 மாதத்திற்குள் மனு செய்ய வேண்டும்.

சொந்தமாகக் குத்தகைக்கு விட்ட வேலை

சொந்த நிலத்தில் வீடு கட்டவோ, இருக்கிற வீட்டை நீட்டவோ ஒரு குத்தகையாளரை அமர்த்தியவருக்கு வீடு வாங்குவோர் மன்றம் உதவாது. இங்கே கைகொடுப்பது 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம். வேலையை நியாயமான திறமையோடும் கவனத்தோடும் செய்ய வேண்டும், கேட்ட நோக்கத்திற்குப் பொருந்த வேண்டும், நாள் குறிக்கப்படாவிட்டாலும் நியாயமான காலத்தில் முடிக்க வேண்டும் என்று அச்சட்டம் சொல்கிறது. ஒப்பந்தத்தில் ஒரு வார்த்தை எழுதாவிட்டாலும் இவை பொருந்தும்.

இதற்கான கதவு மலேசியப் பயனீட்டாளர் நடுவர் மன்றம். உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சின் கீழ் இயங்குகிறது. மனுக் கட்டணம் 5 வெள்ளிதான். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பிறகு 50,000 வெள்ளி வரை கோரலாம். இழப்பு 58,000 வெள்ளி என்றால் 8,000 வெள்ளியை விட்டுக்கொடுத்துவிட்டு இங்கே வரலாம். ஆனால் ஒரே கோரிக்கையை இரண்டாக உடைத்து இரண்டு மனு போட முடியாது. மன்றம் பிறப்பித்த உத்தரவை 14 நாளில் நிறைவேற்றாதது குற்றமாகும். குத்தகையாளர் பணம் கட்ட மறுத்தால் அபராதம் அல்லது சிறை வரை போகலாம்.

தொகை 5,000 வெள்ளிக்குள் என்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கைப் பிரிவிலும் வழக்கறிஞர் இல்லாமல் வழக்காடலாம். 1 லட்சம் வெள்ளி வரை மாஜிஸ்திரேட் நீதிமன்றம், 10 லட்சம் வெள்ளி வரை செஷன்ஸ் நீதிமன்றம். இவ்விரண்டிலும் வழக்கறிஞர் செலவு வரும் என்பதால், 60,000 வெள்ளி தகராறில் 50,000 வெள்ளியோடு நடுவர் மன்றத்திற்குப் போவது பலருக்கு லாபமாகவே முடியும்.

தோட்ட வீட்டில் இன்னும் குடியிருப்பவர்களின் நிலை வேறு. அந்த வீடு நிறுவனத்துக்குச் சொந்தம் என்பதால் பழுது பார்க்க வந்த குத்தகையாளரோடு தொழிலாளிக்கு ஒப்பந்தம் எதுவும் இல்லை. வீட்டைக் குடியிருக்கத் தக்க நிலையில் வைத்திருப்பது முதலாளியின் கடமை என்று 1990ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. அவர்கள் போக வேண்டிய இடம் தொழிலாளர் இலாகா.

மீதிப் பணத்தைக் கொடுக்க வேண்டுமா?

வேலை முடிந்தது, ஆனால் சரியில்லை. மீதிப் பணம் கொடுக்க மாட்டேன் என்கிறார் வீட்டுக்காரர். குத்தகையாளரோ முழுப் பணமும் வேண்டும் என்கிறார். அதிகமாக எழும் தகராறு இதுதான். ஒப்பந்த வழக்குகளில் மலேசிய நீதிமன்றங்களும் எடுத்துப் பார்க்கும் மூன்று ஆங்கிலேயத் தீர்ப்புகள் இதற்கு விடை தருகின்றன.

1952இல் ஹோனிக் எதிர் ஐசக்ஸ் வழக்கு. ஒரு வீட்டை அலங்கரித்துத் தளவாடம் செய்து தர 750 பவுன் ஒப்பந்தம். வேலை முடிந்தது, அலமாரி, கதவு போன்றவற்றில் குறைகள். சரிசெய்ய 55 பவுனுக்குச் சற்று அதிகமாகும். வேலை பெரும்பாலும் முடிந்துவிட்டதால், அந்தச் செலவைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுக்கத்தான் வேண்டும் என்றது நீதிமன்றம்.

1972இல் போல்டன் எதிர் மகாதேவா வழக்கு. மகாதேவா என்பவர் வீட்டில் 560 பவுனுக்கு வெப்பமூட்டும் சாதனம் பொருத்தப்பட்டது. வீடு போதிய அளவு சூடாகவில்லை, அறைக்குள் புகை வந்தது. சரிசெய்ய 174 பவுன் ஆகும். குறை இவ்வளவு பெரிதாக இருந்தால் வேலை முடிந்ததாகவே கருத முடியாது என்று கூறி, குத்தகையாளருக்கு ஒரு காசும் இல்லை என்றது நீதிமன்றம்.

1995இல் ரக்ஸ்லி எதிர் ஃபோர்சித் வழக்கு. ஏழரை அடி ஆழம் கேட்ட நீச்சல் குளம் ஆறே முக்கால் அடியில் முடிந்தது. இடித்துக் கட்ட 21,560 பவுன் வேண்டும் என்றார் வீட்டுக்காரர். ஆனால் குளம் பயன்படுத்தத் தக்கதாகவே இருந்தது. அவருக்குக் கிடைத்தது 2,500 பவுன் மட்டுமே.

இவற்றின் சாரம் எளிது. சிறு குறைக்காக மீதி முழுவதையும் பிடித்து வைத்தால் வீட்டுக்காரர் தோற்கலாம். பெருங்குறைக்கு முழுப் பணம் கேட்டால் குத்தகையாளர் தோற்பார். ஓடு நிறம் மாறியதற்காக வீட்டையே இடித்துக் கட்டும் செலவைக் கேட்டாலும் கிடைக்காது. பிடித்து வைக்கும் தொகை, குறையைச் சரிசெய்ய ஆகும் செலவை ஒட்டியே இருக்க வேண்டும்.

குத்தகையாளர் பக்கமும் ஒரு நியாயம்

எல்லாத் தகராறிலும் குத்தகையாளரே குற்றவாளி என்று கொள்ள முடியாது. வேலை நடக்கும்போது வாய்வார்த்தையாக, 'இங்கே ஒரு ஜன்னல் வையுங்கள், ஓட்டை மாற்றுங்கள்' என்று சொல்லிவிட்டு, கடைசியில் பழைய விலைக்கே கணக்குக் கேட்பவர்கள் உண்டு. கூடுதல் வேலைக்குக் கூடுதல் விலை கேட்கும் உரிமை குத்தகையாளருக்கு இருக்கிறது. சிமெண்டு, இரும்பு விலை ஏறிவிட்டது என்பது மட்டும், நிலையான விலை பேசிய ஒப்பந்தத்தை மாற்றக் காரணமாகாது.

கட்டுமானத் தொழிலில் பணம் வராத குத்தகையாளருக்காக 2012இல் விரைவுத் தீர்ப்புச் சட்டம் ஒன்று வந்தது. ஆனால் தனிநபர் தாம் குடியிருக்கவே கட்டும், நான்கு மாடிக்குக் குறைவான வீட்டுக்கு அது பொருந்தாது. ஆகவே சாதாரண வீட்டுக்காரரிடம் பணம் வராத குத்தகையாளரும் வழக்கமான நீதிமன்றத்திற்கே போக வேண்டும். பயனீட்டாளர் மன்றத்தில் அவரால் முதல் மனு போட முடியாது.

போலீஸ் புகார் எதற்கு?

முன்பணத்தை வாங்கும்போதே வேலை செய்யும் எண்ணம் இல்லாமல் ஏமாற்றியிருந்தால், அது தண்டனைச் சட்டம் 420ஆம் பிரிவின்படி குற்றம். பொய் நிறுவனப் பெயர், பலரிடம் ஒரே மாதிரி முன்பணம் என்றால் புகார் செய்ய வேண்டியதுதான். ஆனால் வேலையைத் தொடங்கி, பாதியில் நிறுத்திய தகராறு பெரும்பாலும் சிவில் விவகாரமாகவே பார்க்கப்படும். மேலும், குற்றவாளி தண்டிக்கப்பட்டாலும் பணம் தானாகத் திரும்பி வருவதில்லை. புகார் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் மாதங்களில் நடுவர் மன்றத்தின் காலக்கெடு ஓடிக்கொண்டிருக்கும்.

காலக்கெடு காத்திருக்காது

பயனீட்டாளர் மன்றத்திற்கு 3 ஆண்டு. ஒப்பந்த மீறலுக்காக நீதிமன்றம் போக 6 ஆண்டு. கண்ணுக்குத் தெரியாமல் அடித்தளத்தில் மறைந்திருந்த குறை பின்னாளில் வெளிப்பட்டால், கவனக்குறைவு வழக்குக்கு அதைக் கண்டறிந்த நாளிலிருந்து 3 ஆண்டு உண்டு. ஆனால் மொத்தத்தில் 15 ஆண்டைத் தாண்டக்கூடாது. இந்தத் திருத்தம் 2019 செப்டம்பரில் நடப்புக்கு வந்தது.

கட்டடக் குறை எவ்வளவு காலம் ஒரு சமூகத்தை அலைக்கழிக்கும் என்பதற்குச் சிலாங்கூர், டிங்கிலில் உள்ள தாமான் பெர்மாத்தா சாட்சி. புத்ராஜெயா நகருக்காகப் பிராங் பெசார் முதலிய தோட்டங்களிலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்கள் அங்குள்ள அடுக்குமாடி வீடுகளில் குடியேறின. சுவர்களில் விரிசல் கண்டது. தரை வீடு கேட்டு அவர்கள் நடத்திய போராட்டம் இருபது ஆண்டுகளையும் தாண்டியது. முதல் விரிசலைப் பார்த்த அன்றே தேதியோடு படம் எடுத்து, எழுத்து மூலம் புகார் செய்வது வீண் வேலையல்ல.

அதேபோல், குறை தெரிந்ததும் வேறு ஆளை வைத்து உடனே இடித்துக் கட்டிவிட்டால் சான்றும் சேர்ந்து இடிந்துவிடும். முதலில் குத்தகையாளருக்குக் கடிதம் எழுதி, சரிசெய்ய நியாயமான அவகாசம் தர வேண்டும். அவர் வராவிட்டால் படம், காணொளி, வேறொரு குத்தகையாளரின் விலை மதிப்பீடு ஆகியவற்றை எடுத்த பிறகே பழுது பார்க்க வேண்டும். வாட்ஸ்அப் செய்திகளும் வங்கிப் பணப்பரிமாற்றச் சீட்டும் சான்றுகளே. கையில் கொடுத்த ரொக்கத்திற்கு ரசீது இல்லாவிட்டால் கொடுத்ததை நிரூபிப்பதே தனிப் போராட்டமாகிவிடும்.

பணம் வேலைக்குப் பின்னால் போகட்டும்

தகராறு வந்த பிறகு வெல்வதைவிட, வராமல் தடுப்பது மலிவு. அதற்கான வழியை வீடமைப்புச் சட்டமே காட்டியிருக்கிறது. உரிமம் பெற்ற மேம்பாட்டாளர்கூடக் கையெழுத்தாகும்போது 10 விழுக்காடுதான் வாங்க முடியும். அடித்தளம் முடிந்தால் 10, தூணும் உத்தரமும் எழும்பினால் 15, சுவரும் கதவு ஜன்னல் சட்டமும் வந்தால் 10 என்று பணம் வேலையின் பின்னால் போகிறது. கடைசி 5 விழுக்காடு குறை தீர்க்கும் காலத்திற்காகத் தனியே நிறுத்தி வைக்கப்படுகிறது.

பெரிய நிறுவனத்துக்கே இந்தக் கட்டுப்பாடு என்றால், தெரிந்தவர் சொல்லி வந்த குத்தகையாளருக்குப் பாதிப் பணத்தை முன்பணமாகத் தூக்கிக் கொடுக்கக் காரணமே இல்லை. அதே அட்டவணையை இரண்டு பக்க ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளலாம். வேலையின் விவரம், பொருள்களின் வகை, முடிக்கும் தேதி, தாமதத்திற்கு நாள் கணக்கில் இழப்பீடு, கூடுதல் வேலைக்கு எழுத்து மூலம் ஒப்புதல், குறை தீர்க்கும் காலம் ஆகியவை அதில் இருந்தால் போதும். உள்நாட்டு வருமான வரி வாரியத்தில் முத்திரையிட்டு வைத்தால் நீதிமன்றத்தில் அதைச் சான்றாகக் காட்டச் சிக்கல் வராது.

கையெழுத்திடும் முன் இரண்டு விஷயங்களைச் சரிபார்க்க வேண்டும். ஒன்று, குத்தகையாளர் கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தில், அதாவது சிஐடிபியில், ஜி1 முதல் ஜி7 வரை ஏதாவது ஒரு தரத்தில் பதிந்திருக்கிறாரா என்பது. பதியாமல் கட்டுமான வேலை செய்வது சட்டப்படி குற்றம். மற்றொன்று, கட்டட வரைபடத்திற்கு ஊராட்சி மன்றத்தின் அனுமதி. 'பின்பக்கம்தானே, பிளான் வேண்டாம்' என்று சொல்லும் குத்தகையாளர் வேலை முடிந்ததும் போய்விடுவார். நகராண்மைக் கழகத்தின் அறிவிப்புக் கடிதம் வீட்டுக்காரர் பெயருக்கே வரும்.

படிவம் நிரப்பத் தயங்குவோர் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தை அணுகலாம். போகும்போது ஒப்பந்தம், ரசீது, படங்கள், அனுப்பிய கடிதங்களின் நகல் ஆகியவற்றைத் தேதி வாரியாக அடுக்கி ஒரு கோப்பில் கொண்டு போவது நல்லது. வீடு கட்டுவதற்கு அடிக்கல் எவ்வளவு முக்கியமோ, வழக்கிற்கு அந்தக் கோப்பு அவ்வளவு முக்கியம்.